கறுப்புச் சேவல் ஊரின் சிவப்பு ஒயின்

இத்தாலியின் ஃபுளோரன்ஸிலிருந்து சியெனா நோக்கி வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையில் இருக்கிறது பன்சானோ. ஒரு தேவாலயம், ஒரு சதுக்கம், உலகப் புகழ்பெற்ற ஒரு கசாப்புக் கடை, சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள்... நாலு தெருவில் ஊர் முடிந்துவிடும். 'கியான்டி கிளாசிகோ' என்ற சிவப்பு ஒயின் பிறக்கும் ஊர்களில் இதுவும் ஒன்று.

அந்த பாட்டிலின் கழுத்தில் ஒரு கறுப்புச் சேவல் இருக்கும். அதற்கொரு கதை சொல்கிறார்கள். கியான்டி மலை யாருக்கு என்று ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் ஓயாத சண்டை. சேவல் கூவியதும் இரு ஊரிலிருந்தும் ஒரு வீரன் குதிரையில் கிளம்ப வேண்டும், இருவரும் சந்திக்கும் இடமே எல்லை என்று முடிவானது. சியெனாக்காரர்கள் தங்கள் வெள்ளைச் சேவலுக்குத் தீனி போட்டுக் கொழுக்கவைத்தார்கள். ஃபுளோரன்ஸோ, கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டது. பசி தாங்காத சேவல் விடியும் முன்பே கூவிவிட்டது! சியெனாவுக்கு 12 கிலோமீட்டர் தூரத்திலேயே வீரர்கள் சந்தித்துக்கொண்டார்கள். மலை மொத்தமும் ஃபுளோரன்ஸ் வசம். கதையோ நிஜமோ, 1716-ல் மூன்றாம் கோசிமோ என்ற ஆட்சியாளர் கியான்டி ஒயினுக்கு எல்லை வகுத்து ஆணையிட்டது வரலாறு.

பன்சானோவின் இன்றைய பெருமை வேறு. இங்கே பெரும்பாலான தோட்டங்களில் இயற்கை விவசாயம்தான். அதற்கு ஒரு பூச்சியும் காரணம். கொடியை மஞ்சளாக்கிக் கொல்லும் ஒரு நோயை, சின்னஞ்சிறு தத்துப்பூச்சி ஒன்று பரப்புகிறது. இந்த நோய்க்கு மருந்தில்லை; பூச்சியைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். அது இந்தப் பக்கம் தலைகாட்டியபோது, ரசாயன மருந்துக்குப் போய்விடாமல் ஊர் விவசாயிகள் சேர்ந்து வேளாண் வல்லுநர் ஒருவரை அழைத்துவந்து, ஆய்வு நிலையமே அமைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பூச்சி வேலி பார்த்து நிற்காது என்பதால், தனியாக ஒருவர் மட்டும் இயற்கைக்கு மாறிப் பயனில்லை.

இயற்கை விவசாயம் என்றால் எதுவுமே தெளிப்பதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சாம்பல் நோய்க்குக் கந்தகம், அடிச்சாம்பல் நோய்க்குத் தாமிரம் உண்டு. தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால், ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். பசுந்தாள் உரத்துக்கு, கொடி வரிசைகளுக்கு நடுவே பயறு வகைகளை விதைத்து மடக்கி உழுகிறார்கள். முன்பெல்லாம் லேபிளில் 'இயற்கை முறையில் விளைந்த திராட்சையில் தயாரானது' என்றுதான் போடலாம். 2012 முதல்தான் 'இயற்கை ஒயின்' என்றே அச்சிட அனுமதி. இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் சல்ஃபைட் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சாதாரண ஒயினுக்கு 150.

இந்த ஒயினில் 80 சதவிகிதமாவது 'சாஞ்சோவேசே' திராட்சை இருக்க வேண்டும். செர்ரிப் பழ வாசம், நல்ல புளிப்பு, பால் சேர்க்காத டீ போல நாக்கை இழுக்கும் துவர்ப்பு. வெறுமனே குடித்தால் கொஞ்சம் முரட்டுத்தனம்தான். சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் அடங்கும். மூன்று விரல் தடிமனில் எலும்போடு வெட்டி, கரி நெருப்பில் வாட்டும் 'பிஸ்டெக்கா' மாட்டிறைச்சிதான் இதற்குப் பொருத்தமான ஜோடி. கொழுப்பும் புரதமும் துவர்ப்பை மிருதுவாக்கிவிடும். பைத்தியக்கார மாட்டு நோய் பயத்தில் 2001-ல் எலும்போடு விற்கத் தடை வந்தபோது, பன்சானோ கசாப்புக்காரர் டாரியோ செக்கினி இந்த இறைச்சித் துண்டுக்கு இறுதி ஊர்வலமே நடத்தினார்! 2006-ல்தான் அது மேசைக்குத் திரும்பியது.

சைவர்களுக்கும் வழியுண்டு. பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கரும்பச்சைக் கீரை போட்டு மறுபடி மறுபடி கொதிக்கவைக்கும் 'ரிபொல்லிட்டா' சூப், ஆட்டுப்பால் சீஸான 'பெகொரீனோ', தக்காளி சாஸ் ஊற்றிய பாஸ்தா... தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் ஒயின் இது. மீனோடு மட்டும் வேண்டாம், வாயில் உலோகச் சுவை தட்டும். காரமும் துவர்ப்பைக் கூட்டிவிடும்.

செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் ஊர்ச் சதுக்கத்தில் ஒயின் திருவிழா நடக்கும். ரயில் கிடையாது, ஃபுளோரன்ஸிலிருந்து பஸ்தான். காரில் வருபவர்கள் சுவைத்துவிட்டுத் துப்பிவிடுவது நல்லது. அதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.