கருக்கிய பீப்பாய்

கென்டக்கி மாநிலத்தின் நடுப்பகுதியிலுள்ள பார்ட்ஸ்டவுனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ருசி பார்க்க வருகிறார்கள். எனக்கு மதுப் பழக்கம் இல்லை. மக்காச்சோளத்தைக் கூழாகக் காய்ச்சி, கூழைப் புளிக்கவைத்து, புளித்த ஊறலை வடித்து, வடித்த சாராயத்தை மரப் பீப்பாயில் அடைத்து ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டுவிடுகிற போர்பன் விஸ்கித் தொழிலில் யாருடைய கைத்திறன் எவ்வளவு என்று நேரில் கண்டு வரவேண்டும் என்பதே என் உத்தேசமாக இருந்தது. பெரிய ஆலைகளில் வழிகாட்டிகள் மனப்பாடமாக ஒப்பிக்கும் சரித்திரத்தைக் கேட்பதைவிட, ஊருக்கு வெளியே இருந்த ஒரு சிறிய வடிசாலையில் அடுப்படியிலேயே நின்று பார்ப்பது மேல் என்று தோன்றியபடியால், அங்கே வேலை பார்க்கும் முதியவர் ஒருவரின் சம்மதம் பெற்று, பொழுது விடியுமுன் போய்ச் சேர்ந்தேன்.

போர்பன் என்பது இன்னது என்று அமெரிக்கச் சட்டம் திட்டமாக வரையறுத்திருக்கிறது. தானியத்தில் நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையாமல் மக்காச்சோளம் இருக்க வேண்டும்; வடிப்பில் சாராயத்தின் வீதம் 80 விழுக்காட்டையும், கலத்தில் அடைக்கும்போது 62.5 விழுக்காட்டையும் தாண்டலாகாது. அந்தக் கலம் புதிய ஓக் மரத்தால் ஆகி உட்புறம் கருக்கப்பட்டிருக்க வேண்டும். நிறத்துக்கென்றோ மணத்துக்கென்றோ எதையும் சேர்க்கக் கூடாது. 1964ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸ், இது தங்கள் தேசத்துக்கே உரிய பொருள் என்று தீர்மானமும் நிறைவேற்றியிருக்கிறது. விதிகள் அவ்வளவே; ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். எஞ்சியதெல்லாம் தொழிலாளியின் பக்குவம்.

நூற்றுக்கு 70 பங்கு மக்காச்சோளம், 18 பங்கு ரை, 12 பங்கு முளைகட்டிய பார்லி என்பது அந்த வடிசாலையின் கணக்கு. அந்தப் பிரதேசம் முழுவதும் சுண்ணாம்புப் பாறையின்மேல் அமைந்திருப்பதால் ஊற்று நீரில் இரும்புச் சத்து இராது. இரும்பு கலந்தால் விஸ்கி கறுத்துக் கெடும். முதியவர் முதலில் கொதிநிலையை எட்டிய நீரில் மக்காச்சோள ரவையைக் கொட்டி, அதன் மாவுச்சத்து முழுவதும் இளகும்வரை காய்ச்சினார். சூடு 70 பாகை அளவுக்குத் தணிந்த பிறகு ரையைச் சேர்த்தார். 65க்கு வந்த பிறகே பார்லிக்கு முறை வந்தது. மாவைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் முளைகட்டிய பார்லியில்தான் இருக்கின்றன என்பதாலும், மிகுந்த சூட்டில் அவை செத்துவிடும் என்பதாலும், இந்த இறங்குவரிசையில் அவசரம் காட்டுகிறவன் ஒரு நாள் தானியத்தையே இழந்துவிடுவான். பார்லி விழுந்த சிறிது நேரத்துக்கெல்லாம், துடுப்பைப் பிடித்து நிறுத்திய அந்தக் கெட்டிக் கூழ் நீர்த்து, தளதளவென்று ஓடத் தொடங்கியதைக் கண்டபோது, புத்தகத்தில் படித்த ரசாயனம் கண்ணெதிரே நடப்பதாக இருந்தது.

அவர் வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றின்மேல் ஒரு சொட்டுக் கூழை விட்டு, அதன்மேல் அயோடின் துளி ஒன்றை விட்டார். கலந்த இடம் கருநீலமாயிற்று. மாவுச்சத்து இன்னும் மீதமிருக்கிறது என்று பொருள். அரைமணி கழித்து மறுபடியும் விட்டபோது, அயோடின் தன் செம்பழுப்பு நிறம் மாறாமல் அப்படியே நின்றது. "ஓடு பார்ப்பது கணக்குப் புத்தகத்துக்காக, ஐயா. எனக்கு நாக்கே போதும்" என்று சொல்லி, விரலால் தொட்டு எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். கஞ்சியில் வெல்லப்பாகு கரைத்தாற்போலத் திகட்டும் இனிப்பு.

கூழில் அவர் ஊற்றிய இன்னொரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முந்திய வடிப்பில் சாராயம் பிரிந்தபின் அடியில் தங்கிய புளித்த நீரில் ஒரு பகுதியை எடுத்து அடுத்த கூழில் சேர்ப்பது கென்டக்கியின் சம்பிரதாயம். பழைய மாவின் உயிரைப் புதிய மாவுக்குக் கடத்துகிற வித்தை இது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள், அது சரியன்று. கொதித்து வந்த நீரில் உயிருள்ள ஈஸ்ட் ஏது? அது முக்கியமாகக் கொண்டுவருவது புளிப்பு; அந்தப் புளிப்பு வேண்டாத கிருமிகளைத் தலையெடுக்கவிடாமல், நாம் விரும்பும் ஈஸ்டுக்கு இடம்விடுகிறது. இம்முறையைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் குரோ என்று பிரசித்தமாகச் சொல்வார்கள். அளவுகோலும் குறிப்பேடும் வைத்துக்கொண்டு அதை ஒழுங்குபடுத்தியவர் அவர் என்பது மெய்தான். ஆனால் கேசி கவுண்டியில் வாழ்ந்த கேதரின் கார்ப்பென்டர் என்னும் பெண்மணி 1818ஆம் ஆண்டிலேயே புளிப்புக் கூழின் செய்முறையை எழுதிவைத்திருக்கிறார். விஸ்கி காய்ச்சுவது அக்காலத்தில் பண்ணை வீட்டுக் காரியங்களுள் ஒன்று. விற்க முடியாத தானியம் வீணாகாமல் காக்கும் உபாயம். அதில் ஒரு குடும்பத் தலைவியின் குறிப்பு முந்திக்கொண்டிருப்பதில் வியப்புக்கு இடமில்லை.

புளிக்கவைக்கும் தொட்டிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்றாம் நாள் ஊறல் அடுப்பில்லாமலே கொதிப்பதுபோல் குமிழியிட்டுப் பொங்குகிறது. குனிந்து முகர்ந்தால் கரியமில வாயு மூக்கைச் சுரீரென்று அறைகிறது. நான்காம் அல்லது ஐந்தாம் நாள் அடங்கி, 8 அல்லது 9 விழுக்காடு சாராயமுள்ள புளிப்பு நீராகிவிடுகிறது.

அந்த வடிசாலையில் செம்பினாலான பழைய பாணி வாலையை வைத்திருந்தார்கள். ஊறலை ஒருமுறை வடித்து, வடிந்ததை மீண்டும் வடிக்கிறார்கள். இரண்டாம் வடிப்பு தொடங்கியதும் முதியவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் குழாயின் வாயருகே உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அவரோடு பேச்சுக் கொடுக்க முடியவில்லை. முதலில் வருவது தலை. நகப்பூச்சைத் துடைக்கும் திரவத்தின் நெடி அதற்கு. கடைசியில் வருவது வால். ஈர அட்டைப் பெட்டியின் வீச்சம். இடையில் வருவதே பீப்பாய்க்குப் போகும் பாகம். தலை எங்கே முடிந்து நடுப்பாகம் எங்கே தொடங்குகிறது என்பதை அவர் பக்கத்திலிருந்த வெப்பமானியைப் பார்த்துத் தீர்மானிக்கவில்லை. சில துளிகளை உள்ளங்கையில் ஏந்தி, இரு கைகளையும் தேய்த்து, ஆவி பறந்த பிறகு எஞ்சும் வாசனையை முகர்ந்தார். தேய்த்தார், முகர்ந்தார், தலையசைத்தார், மறுபடியும் தேய்த்தார். திடீரென்று எழுந்து பாத்திரத்தை மாற்றினார். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வால் பாகத்தைக் கொட்டிவிடுவதில்லை. அடுத்த வடிப்பில் சேர்த்துவிடுகிறார்கள்.

தலைப் பாகத்தில் மெத்தனால் இருந்து ஆளைக் கொல்லும் என்று நம்மவர் மட்டுமல்லர், அமெரிக்கரும் அஞ்சுகிறார்கள். தானிய ஊறலில் உண்டாகும் மெத்தனால் சொற்பமே. 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது ஊறல் அன்று. சாராயமென்று விற்கப்பட்ட மெத்தனால் கலப்பு. அமெரிக்கத் தென்மாநிலங்களின் மலைக்காடுகளில் கள்ளத்தனமாக வடித்தவர்களுக்கு எமனாக வந்தது வேறொன்று: ஆவியைக் குளிர்விக்க அவர்கள் பயன்படுத்திய பழைய மோட்டார் வண்டி ரேடியேட்டர்களின் பற்றவைப்பிலிருந்த ஈயம். முதியவரின் பாட்டனாரும் காட்டில் வடித்தவர்தாமாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. வீட்டில் பியர் காய்ச்சிக்கொள்ள 1978இல் அனுமதி கிடைத்துவிட்டது. சாராயம் வடிப்பதற்கு மட்டும், அது சொந்த உபயோகத்துக்கானாலும், 1868ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை நின்றது. மீறினால் ஐந்தாண்டுவரை சிறைவாசம். 2024இல் டெக்ஸஸிலுள்ள கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அத்தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். ஆனால் வழக்காடிய தரப்பினருக்கே அது பொருந்துவதாக இருந்தது. முதியவருக்கு இந்த வியவகாரத்தில் சிரத்தையில்லை. "நாள் முழுக்க இதைச் செய்கிறேன், வீட்டுக்குப் போயும் யார் செய்வார்கள்?" என்றார்.

இவ்வளவு பாடுபட்டு வடித்த சாராயம் தண்ணீர்போல் தெளிவாக இருக்கிறது. போர்பனின் பொன்னிறம் முழுவதும், வாசனையில் பெரும்பகுதியும் பீப்பாய் தருவது. ஆகவே இந்தத் தொழிலில் பாதிப் புகழாவது பீப்பாய் கட்டுகிறவருக்குச் சேரவேண்டும் என்பது என் கட்சி. பார்ட்ஸ்டவுனுக்குத் தெற்கே லெபனான் என்ற சிற்றூரில் ஒரு பீப்பாய்ப் பட்டறையைப் பார்த்த பிறகு அது இன்னும் உறுதிப்பட்டது.

முற்றத்தில் வெண்ணிற ஓக் பலகைகள் மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் காய்கின்றன. செந்நிற ஓக் ஆகாது. அதன் நரம்புகள் திறந்து கிடப்பதால் ஒழுகிவிடும். உள்ளே இளைஞன் ஒருவன், அகலமும் குறுகலுமாகக் கலந்து கிடந்த பலகைகளைக் கண்ணால் அளந்து, ஓர் இரும்பு வளையத்துக்குள் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தான். எந்த இரண்டும் ஒரே அகலம் இல்லை. மொத்தச் சுற்றளவு மட்டும் தப்பக்கூடாது. முப்பதுக்குமேல் நிறுத்திய பிறகு ஒரு விரற்கடை இடைவெளி எஞ்சவே, நிறுத்தியவற்றில் ஒன்றைப் பிடுங்கி, அதைவிட அகலமான பலகை ஒன்றைச் செருகிச் சுத்தியலால் தட்டினான், கச்சிதமாக இறுகிற்று. ஆணியுமில்லை, பசையுமில்லை. பிறகு ஆவியில் வேகவைத்து, வளைத்து, வளையங்கள் பூட்டி, நெருப்பின்மேல் கவிழ்க்கிறார்கள். ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம் பீப்பாயின் உட்புறம் முழுவதும் சுவாலை வீசி எரிகிறது. தண்ணீர் அடித்து அணைக்கிறார்கள். 55 விநாடி எரித்த பலகையின் கரி, முதலைத் தோலைப்போல் வெடித்துத் தோன்றும். தொழிலாளரும் அதற்கு முதலைக் கரி என்றே பெயரிட்டிருக்கிறார்கள். கரிக்குப் பின்னால், சூட்டால் மரச் சர்க்கரை முறுகிச் செந்நிறக் கோடாக ஓடுகிறது; விஸ்கி போய்த் தேடுவது அதைத்தான். மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலா மணத்தைத் தருகிறது. கடைசியில் தண்ணீரும் காற்றும் செலுத்திச் சோதிக்கும்போது எங்கேனும் கசிந்தால், பலகை இடுக்கில் காய்ந்த சம்பங்கோரைத் தாளைச் செருகியோ, சிறு மரச் சிம்பை அடித்தோ அடைக்கிறார்கள்.

பீப்பாய்களை அடுக்கிவைக்கும் கிடங்கு வேலையில் நான் வெகுவாக ரசித்தது ஒன்று உண்டு. 53 காலன் நிரம்பிய பீப்பாய் 500 பவுண்டுக்குக் குறையாது. அதை மரச்சட்டங்களின்மேல் உருட்டிக்கொண்டே போய்ச் சேர்க்கும்போது, மூடியடித்த துவாரம் சரியாக மேற்புறம் வந்து நிற்க வேண்டும், இல்லையேல் ஒழுகும். ஆனால் உள்ளே போனபின் திருப்ப இடமில்லை. ஆகவே எத்தனை சுற்று உருளும் என்று கணக்கிட்டு, துவாரம் எந்தப் பக்கம் இருக்கும்படி தொடங்க வேண்டும் என்பதைக் கடிகார முள்ளைக் கொண்டு பேசிக்கொள்கிறார்கள்: இதை நான்கு மணியில் வை, இதைப் பத்து மணியில் வை. உருட்டியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீப்பாய் கடகடவென்று ஓடிப்போய் நின்றது, துவாரம் மேலே. செப்டம்பரில் பார்ட்ஸ்டவுனில் நடக்கும் விழாவில் இந்த உருட்டலையே பந்தயமாக நடத்துகிறார்கள்.

கோடையில் சாராயம் மரத்துக்குள் ஏறுகிறது, குளிரில் பின்வாங்குகிறது, ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு ஆவியாகப் போய்விடுகிறது. சூடான மேல்மாடிகளில் சாராயத்தைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேறுவதால் பீப்பாயிலிருப்பது காரம் ஏறிக்கொண்டே போகும். வெளியேறிய ஆவியை உண்டு வளரும் கரும்பூஞ்சை, கிடங்குச் சுவர்களிலும் சுற்றுப்புற மரங்களிலும் புகைபிடித்தாற்போல் படிந்திருக்கிறது. அக்கம்பக்கத்தார்க்கு அது பெரிய மனக்குறை. இவ்வளவு எரிபொருளை மரக்கூடத்தில் அடுக்கினால் என்ன நேரும் என்பதையும் பார்ட்ஸ்டவுன் அறியும்: 1996 நவம்பரில் ஹெவன் ஹில் ஆலையின் ஏழு கிடங்குகள் 90,000 பீப்பாய்களோடு எரிந்தன.

புட்டிகளின்மேல் பெயர்கள் பெரியவை. பீப்பாயைக் கருக்கும் முறையைக் கண்டவர் எலைஜா கிரெய்க் என்ற பாதிரியார் என்பது விற்பனைக்காரர் விரும்பும் கதை, ஆதாரம் கிடையாது. அடிமைகள் காய்ச்சிய விஸ்கிக்கு எஜமானர் பெயரே இட்டார்கள். டென்னசியில் ஜாக் டேனியலுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த நேதன் கிரீன் அடிமையாக இருந்தவர்; அவர் பெயர் ஒரு புட்டியில் ஏற ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. லெபனான் இளைஞனின் கைவேலைக்கோ ஒருமுறைதான் வாழ்வு. புதிய கலமே வேண்டும் என்ற விதியினால், காலியான பீப்பாயைப் போர்பனுக்கு மறுபடி ஆளமுடியாது. அதைப் பிரித்துப் பலகைக் கட்டுகளாகக் கப்பலேற்றுகிறார்கள். ஸ்காட்லாந்துப் பட்டறைக்காரர் சில பலகைகளைக் கூட்டி இன்னும் பெரிய பீப்பாயாகக் கட்டி, தங்கள் விஸ்கியை அதில் ஊற்றிக்கொள்கிறார்கள்.