முதல் பாகம் என்றொரு படம் இல்லை

(சற்று நீண்ட பதிவு. திரை விமர்சனத்தை எதிர்பார்த்து வருவோர் பொறுத்தருள்க; இடையிடையே இலக்கணம் வரும்.)

பிராய்லர் கோழி வரும்வரை தமிழருக்கு ‘நாட்டுக்கோழி’ என்னும் சொல் தேவைப்படவில்லை. கோழி என்றாலே போதுமாயிருந்தது. புதியது ஒன்று வந்து பொதுப்பெயரைக் கைப்பற்றிக்கொண்டபின், பழையது தன்னை அடையாளம் காட்ட ஓர் அடைமொழியைத் தேடிக்கொள்ள நேர்ந்தது. நான் வசிக்கும் ஹவுராவின் சந்தையிலும் இதே கதைதான். இங்கே அது ‘தேஷி முர்கி’. 1914-இல் தொடங்கிய போரை அக்காலத்தவர் பெரும் போர் என்றே குறித்தனர். இரண்டாவது போர் மூண்ட பிறகே அது ‘முதல்’ உலகப் போர் ஆயிற்று. பொருளில் எம்மாற்றமும் இன்றி, பின்னால் வந்த ஒன்றன் பொருட்டுப் பெயர் மட்டும் மாறும் இந்நிகழ்வை நாம் ‘பின்னோக்குப் பெயர்’ எனலாம்.

விருப்பத்துக்குரிய திரைப்படம் ஒன்றன் இரண்டாம் பாகம் ஏமாற்றமளிக்கும்போது இரசிகர்கள் ஏன் அவ்வளவு வருந்துகிறார்கள் என்பதை இந்த வழியாகவே நான் விளங்கிக்கொள்கிறேன். மோசமான படங்கள் வாரந்தோறும் வருகின்றன; அவற்றை மறுநாளே மறந்துவிடுகிறோம். தொடர்ச்சிப் படம் மட்டும் பழைய படத்தின் பெயரில் கைவைக்கிறது. 1996 மே மாதம் வெளியான ‘இந்தியன்’ இருபத்தெட்டு ஆண்டுகள் வெறும் ‘இந்தியன்’ ஆகவே இருந்தது. 2024 ஜூலை 12 அன்று ‘இந்தியன் 2’ வெளியானது. அன்றுமுதல் பேச்சு வழக்கில் பழைய படம் ‘இந்தியன் 1’ அல்லது ‘முதல் பாகம்’. யாரும் அதன் ஒரு சட்டகத்தையும் மாற்றவில்லை. ஆயினும் முழுமையாக நின்ற ஒன்று, இன்னொன்றன் முற்பாதியாகக் குறுகிவிட்டது.

இதில் எனக்குச் சொந்த அக்கறை ஒன்று உண்டு. என் தந்தை தென்மாவட்டத்துத் தாலுகா அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் பணிபுரிந்தவர். கையூட்டு வாங்காதவர். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை, வாங்கமாட்டார், அவ்வளவே. படம் வெளியான ஆண்டிலேயே உடன் பணியாற்றியோர் அவருக்கு ‘இந்தியன் தாத்தா’ என்று பெயர் சூட்டிவிட்டனர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அப்பெயரில் பாதி கேலி, பாதி மரியாதை. கோப்பு நகர வேண்டும் என்று வந்து நிற்பவரிடம், “தாத்தாகிட்ட போங்க, காசு கேட்க மாட்டார்” என்று சொல்வார்களாம். பணி ஓய்வு வரை அப்பெயர் அவரோடு இருந்தது. பிரிவு உபசார விழாவில் அதைச் சொல்லித்தான் வாழ்த்தினார்கள்.

நான் பிறந்தது படம் வந்த பிறகு. ஆகவே ‘இந்தியன் தாத்தா’ என்னும் தொடரை முதலில் அப்பாவின் பெயராகவும், பின்னரே ஒரு கதாபாத்திரமாகவும் அறிந்தேன். தொலைக்காட்சியில் அப்படம் வரும்போதெல்லாம் வீட்டில் பார்ப்போம். தீக்காயமுற்ற மகள் உயிருக்குப் போராடுகையிலும் சேனாபதி கையூட்டு தர மறுக்கும் பகுதி வந்தால் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். சேனாபதியின் வர்மக் கலையையும் கத்தியையும் அவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. தன் கொள்கைக்குத் தன் வீட்டிலிருந்தே விலை கொடுத்தவன் என்பதுதான் அவருக்கு அந்தப் பாத்திரம். முதலில் மகள் போகிறாள். பிறகு, கையூட்டு வாங்கிப் பிள்ளைகளின் சாவுக்குக் காரணமான மகனைத் தன் கையாலேயே முடிக்கிறான்.

இரண்டாவது படத்தில் எனக்குக் குறையாகப்பட்டதும் இதுவே. அங்கே விலை கொடுப்பவர்கள் வேறு யாரோ. சேனாபதி அறிவுரை சொல்கிறார். படம் பரவலாக ஏமாற்றமளித்தது. வெளியான சில நாள்களிலேயே அதன் நீளத்தில் ஏறத்தாழ 12 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. நூறு வயதை ஒட்டிய ஒருவர் அடவுகள் காட்டுவது குறித்த கேலிப் படங்கள் கைபேசிதோறும் சுற்றின. அவற்றில் ஒன்று எங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. ‘இந்தியன் தாத்தா’ என்னும் தொடரில் பாதியாக இருந்த மரியாதை சில வாரங்களில் கரைந்து, கேலி மட்டும் எஞ்சியது. பொருள் இழிபு என்று நாம் பாடநூலில் படிக்கிறோமே, அதை நான் ஒரு மனிதரின் பட்டப்பெயரில் கண்டேன்.

இத்தகைய நிலைமையை இரசிகர்கள் எவ்வாறு கடக்கிறார்கள்? நான் கவனித்தவரை, அவர்களுடைய கருவிகள் பெரும்பாலும் இலக்கணக் கருவிகளே.

முதலாவது, எதிர்மறை. “இரண்டாம் பாகமா? அப்படியொரு படம் வரவே இல்லையே!” என்பார்கள். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அது பொய் என்று தெரியும். அந்தக் கூட்டுப் பொய்யில் ஓர் ஆறுதல் உண்டு. ஆனால் இக்கருவிக்கு ஒரு குறையும் உண்டு. ஒன்றை இல்லை என்று சொல்வதற்கு அதன் பெயரை உச்சரித்தாக வேண்டும். மறுக்க மறுக்க அது பேச்சில் நிலைபெறுகிறது.

இரண்டாவது, ஆறாம் வேற்றுமை. இதைக் கற்க ஹவுராவைவிடச் சிறந்த இடம் இல்லை. சத்யஜித் ராய் உருவாக்கிய துப்பறிவாளர் ஃபெலுதா, ‘சோனார் கெல்லா’ (1974), ‘ஜொய் பாபா ஃபெலுநாத்’ (1979) ஆகிய இரு படங்களில் சௌமித்ர சட்டர்ஜியின் முகத்தோடு வங்காளிகளின் மனத்தில் பதிந்தவர். பின்னர் சந்தீப் ராயின் படங்களில் சப்யசாசி சக்ரவர்த்தி அவ்வேடம் ஏற்றார். அவருக்குப் பின்னும் சிலர் ஏற்றனர். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இங்கே முணுமுணுப்பு எழாமல் இருந்ததில்லை. ஆனால் இரசிகர்கள் அதைத் தீர்த்துக்கொள்ளும் விதம் எளிது: ‘சௌமித்ரர் ஃபெலுதா’, ‘சப்யசாசிர் ஃபெலுதா’. தமிழ்க் காதுக்கு அந்த ‘ர்’ மரியாதை விகுதிபோல ஒலிக்கும். உண்மையில் அது வங்காளத்தின் ஆறாம் வேற்றுமை உருபு. ‘ஃபெலுதா’வில் உள்ள ‘தா’ அண்ணன் என்று பொருள்படும் முறைப்பெயர். அண்ணன் ஒருவரே, நடிகர்கள் அவரைத் தத்தம் உடைமையாகச் சிறிது காலம் வைத்திருந்து போகிறார்கள். இவ்வழக்கு எந்த ஒரு படமும் மூலத்தைக் கெடுத்துவிடாதபடி காக்கிறது.

இந்தக் காப்புக்கும் எல்லை உண்டு. ஃபெலுதாவின் நண்பரான எழுத்தாளர் ஜடாயுவாக சந்தோஷ் தத்தா நடித்தபின், ராய் தம் கதைகளுக்கு வரைந்த ஓவியங்களிலேயே ஜடாயு அந்நடிகரின் சாயலைப் பெற்றார். 1988-இல் சந்தோஷ் தத்தா மறைந்தார். அவரின்றி இனி ஃபெலுதா படம் எடுப்பதற்கில்லை என்பது ராயின் நிலைப்பாடு. வேற்றுமை உருபு நுழைய இடமில்லாத அளவுக்கு ஒருவரும் ஒரு பாத்திரமும் ஒன்றாவதும் நேர்கிறது.

தமிழில் நாம் உருபையும் விட்டுவிட்டுத் தொகையாக்குவோம்: ரஜினி பில்லா, அஜித் பில்லா. 1980-க்கும் 2007-க்கும் இடையே யாருக்கும் குழப்பமில்லை. யாருடைய படமும் யாருடைய படத்தையும் அழிக்கவில்லை. மறு ஆக்கங்களை நாம் ஒப்பீட்டளவில் எளிதாக மன்னிப்பதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறேன். அங்கே பிரித்துச் சொல்ல ஒரு பெயர் கைவசம் இருக்கிறது.

‘இந்தியன் 2’ இங்கேதான் நம்மைக் கைவிடுகிறது. இரண்டிலும் அதே கமல்ஹாசன், அதே ஷங்கர், அதே சேனாபதி. ‘கமலின் இந்தியன்’ என்றாலும் ‘ஷங்கரின் இந்தியன்’ என்றாலும் இரண்டும் வந்து நிற்கும். ஆறாம் வேற்றுமை பயனற்றுப்போகிறது. எஞ்சுவது எண் மட்டுமே. எண்ணை ஏற்றால் பழைய படம் ‘முதல் பாகம்’ ஆகிவிடும். மூலத்தைப் படைத்தவர்களே தொடரும்போது ஏமாற்றம் கூடுதலாக வலிப்பதன் காரணம் இந்த இலக்கண நெருக்கடியிலும் இருக்கிறது.

இதை நான் என் வீட்டு உரிமையாளரான மாஷிமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘இந்தியன்’ இந்தியில் ‘ஹிந்துஸ்தானி’யாக வந்ததும், அதன் நாயகன் நேதாஜியின் படையில் இருந்தவன் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்களிடம் பழைய படம் இருக்கிறதல்லவா? எங்களிடம் அதுவும் இல்லாமல் போயிருந்தது” என்றார். அவர் குறிப்பிட்டது 1976-ஐ.

வங்காளத்தில் மகாளய அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணிக்கு வானொலியில் ‘மஹிஷாசுரமர்தினி’ ஒலிக்கும். பாணி குமாரின் எழுத்து, பங்கஜ் மல்லிக்கின் இசை, பீரேந்திர கிருஷ்ண பத்ரவின் குரல். 1930-களின் தொடக்கத்திலிருந்து வரும் நிகழ்ச்சி. நெருக்கடி நிலைக் காலமாகிய 1976-இல் ஆகாஷ்வாணி அதை விலக்கிவிட்டு, உத்தம் குமாரின் குரலிலும் ஹேமந்த முகர்ஜியின் இசையிலும் புதிய நிகழ்ச்சி ஒன்றை ஒலிபரப்பியது. உத்தம் குமார் அன்று வங்காளத் திரையின் முடிசூடா மன்னர். ஆயினும் கேட்டவர்கள் கொதித்தெழுந்தனர். எதிர்ப்பின் கடுமை தாங்காமல் அவ்வாண்டு சஷ்டியன்றே பழைய நிகழ்ச்சி மீண்டும் ஒலிபரப்பப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் அது தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. அப்போது சிறுமியாயிருந்த மாஷிமாவுக்கு நினைவிருப்பது ஒன்றே: பாதியில் அவருடைய பாட்டி எழுந்து, இன்னும் மஹாலயா தொடங்கவில்லையா என்று கேட்டாராம்.

அப்பாட்டியின் கேள்வியில் ஒரு மொழியியல் உண்மை அடங்கியிருக்கிறது. இங்குள்ளோர் அந்நிகழ்ச்சியை அதன் பெயரால் அழைப்பதில்லை, ‘மஹாலயா கேட்டாயா?’ என்கிறார்கள். நாளின் பெயரே குரலின் பெயராகிவிட்டது. காலவாகுபெயர் என்று நம் இலக்கணம் சொல்லும். புதிய குரல் எவ்வளவு சிறந்ததாக இருந்திருந்தாலும் அமர்வதற்கு ஒரு பெயர் அங்கே காலியாக இல்லை. வேறுபாடும் உண்டு. ஆண்டுக்கொருமுறை வானொலியில் மட்டுமே கிடைத்த ஒன்றை விலக்குவது, அதைப் பறிப்பதேயாகும். ஆகவே போராட வேண்டியிருந்தது, போராடினார்கள், பெற்றார்கள். எங்களிடம் பழைய படம் கைபேசியிலேயே இருக்கிறது. நாங்கள் இழக்கவிருந்தது பெயரை மட்டும். அதற்குப் பேச்சே போர்க்களம்.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இரசிகர்களின் ஏமாற்றம் எப்போதும் நியாயமான தீர்ப்பு ஆகாது. ‘பதேர் பாஞ்சாலி’யை (1955) அடுத்து ராய் எடுத்த ‘அபராஜிதோ’ (1956) இதே கல்கத்தாவில் வணிகரீதியாகத் தோற்றது. தாய் இறந்தபோது மகன் மனத்தில் விடுதலை உணர்வும் கலந்திருந்தது என்பதைப் பலரால் ஏற்க இயலவில்லை. மறு ஆண்டு அப்படம் வெனிஸில் தங்கச் சிங்கம் பெற்றது. 1959-இல் வந்த ‘அபூர் சன்சார்’ அதை ஒரு முப்படத் தொகுதியின் நடுப்பகுதியாக்கியது. ஏமாற்றியதாகத் தோன்றிய தொடர்ச்சி, இன்று மூலத்துக்கு நிகராக நிற்கிறது. மூன்றில் எதற்கும் எண் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பெயரோடு வந்தது. யாரையும் ‘முதல் பாகம்’ ஆக்கவில்லை. இன்னொருவருக்கு ‘இந்தியன் 2’-உம் நாளை அவ்வாறு தோன்றலாம். அதை மறுக்க எனக்கு உரிமையில்லை. படைத்தவர்களுக்குத் தொடர உரிமை உண்டு. பார்த்தவர்களுக்குத் தாங்கள் பார்த்ததை எப்பெயரால் அழைப்பது என்று தீர்மானிக்க உரிமை உண்டு. முன்னது சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பின்னது எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் மொழி அதைக் காத்துவருகிறது.

எவ்வாறு காக்கிறது என்பதை அப்பாவிடம் கேட்டறிந்தேன். படத்தை அவர் ஊர்த் திரையரங்கில் பார்த்திருந்தார். தயக்கத்தோடுதான் தொலைபேசியில் பேச்செடுத்தேன். பழைய அலுவலக நண்பர் ஒருவர் கடைத்தெருவில் பார்த்து, “என்ன தாத்தா, உங்க படம் இப்படி ஆயிட்டே?” என்று சிரித்தாராம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன். “நீ எனக்குப் பேரு வச்சது அந்தத் தாத்தாவ பார்த்துட்டுதான? நான் அந்தத் தாத்தா. இது யாரோ, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்ம்மா” என்றார்.

அகரச் சுட்டு. தொல்காப்பியம் முதல் நம்மோடு இருக்கும் மிகச் சிறிய கருவி. அது இரண்டாவது படத்தை மறுக்கவில்லை, எண்ணிடவில்லை, உடைமையும் கோரவில்லை. சேய்மையில் உள்ள ஒன்றைக் கைகாட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. எண் வந்தபின்னும் பழைய பெயரைப் பழைய பொருளில் வைத்துக்கொள்ள அவருக்கு அந்த ஓர் எழுத்து போதுமாயிருந்தது.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஊரிலும் இத்தகைய படங்களைப் பிரித்துச் சொல்ல என்ன வழக்குகள் உள்ளன? ‘பழைய’, ‘ஒரிஜினல்’, ‘அந்த’, நடிகர் பெயர், பார்த்த திரையரங்கின் பெயர், எதுவாயினும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். யார் சொன்னது, எந்த ஊர், ஏறத்தாழ என்ன வயது என்பதையும் சேர்த்தால் நலம். தொகுத்துப் பார்க்க விழைகிறேன்.