சிம் லிம் ஸ்குவேரில் அக்காவுடன் ஒரு முற்பகல்

ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா நிலையத்தில் தோசையும் தே தாரேக்கும் முடித்துவிட்டு, அக்காவும் நானும் நடக்கத் தொடங்கினோம். புக்கிட் தீமா சாலையைக் கடந்து, ரோச்சோர் கால்வாயையும் தாண்டினால் சிம் லிம் ஸ்குவேர். பூக்கடை வாசமும் சாம்பிராணிப் புகையும் பின்தங்க, பத்து நிமிடத்திற்குள் வேறோர் உலகம். எதிரே பல வண்ணங்களில் நின்ற ரோச்சோர் சென்டர் அடுக்குமாடிகளை இடித்துவிட்டார்கள். பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தையும் 2017இல் மூடப்பட்டுவிட்டது. சிம் லிம் ஸ்குவேரின் ஆறு மாடி மட்டும் இன்னும் கேபிளும் விசைப்பலகையுமாக நின்றுகொண்டிருக்கிறது.

நாங்கள் போனது ஹார்ட் டிஸ்க் வாங்க. அக்காவை ஏன் கூட்டிப் போனேன் என்பதற்கு ஒரு கதை உண்டு.

அம்மா செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். அந்த வாழ்க்கையைப் பற்றி அவர் பேசப் பேச, 2009இல் பதினோரு காணொளிகளாகப் பதிவு செய்தேன். எல்லாவற்றையும் ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் போட்டு அலமாரியில் வைத்தேன். அம்மா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற தீபாவளிக்கு முதல் நாள் அந்த டிஸ்கைக் கணினியில் செருகினேன். ‘டக்... டக்... டக்’ என்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. மீண்டும் மீண்டும் செருகிப் பார்த்தேன். நண்பர் ஒருவர் குளிர்பெட்டியில் வைத்து எடுக்கச் சொன்னார்.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். சத்தத்தைக் கேட்டதும், “டேய், உடனே கழற்று. இன்னொரு தடவை செருகாதே. குளிர்பெட்டியில் வைத்தால் உள்ளே ஈரம் படியும், இருக்கிறதும் போயிடும்” என்றார்.

அக்கா 1984இல், பத்தொன்பது வயதில், ஆங் மோ கியோவில் ஒரு ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். சீகேட் நிறுவனம் 1982இல் சிங்கப்பூருக்கு வந்தபின் மற்ற நிறுவனங்களும் வரிசையாக வந்த காலம் அது. ஒரு கட்டத்தில் உலகின் ஹார்ட் டிஸ்குகளில் ஏறத்தாழ பாதி இந்தச் சின்னத் தீவில்தான் உருவாயின. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, முகக்கவசம், கையுறையோடு தூசியில்லா அறைகளில் பெண்கள் மூன்று ஷிப்டிலும் உழைத்தார்கள். பிறகு அந்த வேலைகள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் சீனாவுக்கும் நகர்ந்தன. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்தபோது இங்கே ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது பலருக்கு நினைவிருக்கலாம்.

“உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு சுற்றும். படிக்கிற தலை அதைத் தொடாமல் மேலே மிதக்கும். அந்த இடைவெளியில் புகைத்துகள்கூட நுழையாது. நுழைந்தால் தட்டு கீறிப்போகும். டக் டக் என்றால் தலை தன் இடத்தைத் தேடித் தவிக்கிறது என்று அர்த்தம்” என்றார் அக்கா. டிஸ்கை மீட்புப் பணி செய்பவர்களிடம் கொடுத்தோம். புது டிஸ்க் பல வாங்கும் அளவுக்குச் செலவானது. பதினொன்றில் ஒன்பது திரும்பி வந்தன.

அந்த ஒன்பதை எதில் வைப்பது என்ற கேள்வியோடுதான் மின்படியில் ஏறினோம்.

முதல் கடையில் இருந்த சீன இளைஞர், “ஆன்ட்டி, வேகமானது வேண்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். “எதற்கு என்று முதலில் நீ சொல். வேகம் ஒன்று, பத்திரம் ஒன்று.”

கணினி சட்டென்று விழிக்க வேண்டுமா, எஸ்.எஸ்.டி.தான். அதில் சுழலும் பாகம் இல்லை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்கில், தேடும் இடம் தலைக்கு அடியில் வந்து சேரவே சராசரியாக நான்கு மில்லி விநாடி ஆகும். 5,400 முறை சுழல்வதில் அது ஐந்தரையைத் தாண்டும். எஸ்.எஸ்.டி.க்கு அந்தக் காத்திருப்பே இல்லை. பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது நல்ல ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 150 முதல் 250 மெகாபைட் வரை தரும். சாட்டா எஸ்.எஸ்.டி. சுமார் 550 தரும், என்.வி.எம்.இ. வகை சில ஆயிரங்களைத் தொடும். ஆனால் மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்கப் போகிறது என்றால் எஸ்.எஸ்.டி.யை மட்டும் நம்பக்கூடாது. அதில் தகவல் மின்னேற்றமாகத்தான் நிற்கிறது, அது மெல்லக் கசியும். பெரிய கொள்ளளவுக்குக் குறைந்த விலை என்பதால் ஹார்ட் டிஸ்குக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இரண்டாவது கடையில், இரண்டு டிஸ்க் பொருத்தும் சிறிய வீட்டு சர்வர் ஒன்றைக் காட்டினார்கள். ஒன்று பழுதானாலும் மற்றதில் அதே தகவல் இருக்கும். எனக்கு ஆசையாக இருந்தது. அக்கா கேட்டார்: “நீ தவறி ஒரு படத்தை அழித்தால்?” இரண்டிலுமே அழிந்துவிடும் என்றார் கடைக்காரர் சிரித்துக்கொண்டே. அது வேலை நின்றுபோகாமல் இருக்க உதவும் ஏற்பாடு. காப்பு நகல் வேறு.

அங்கேதான் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சில டிஸ்குகளில் கூரை ஓடு வேய்ந்ததுபோல் தகவல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும். எஸ்.எம்.ஆர். என்பார்கள். கொள்ளளவு கூடும், ஆனால் ஒன்றை மாற்றி எழுத அடுத்துள்ளவற்றையும் எழுத வேண்டியிருப்பதால் தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும். எப்போதாவது நகலெடுத்து வைக்க அது போதும். சர்வருக்கு சி.எம்.ஆர். வகையே நல்லது. பெட்டிமேல் எழுதியிராவிட்டால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் பார்த்துவிட வேண்டும்.

ஒரு பெட்டியில் ‘பத்து லட்சம் மணி நேரம்’ என்று இருந்தது. கணக்குப் போட்டால் 114 ஆண்டு! அக்கா தலையாட்டினார். “ஒரு டிஸ்க் 114 வருஷம் ஓடும் என்று அர்த்தமில்லை, தம்பி. 114 டிஸ்க் ஓடினால் வருஷத்துக்கு ஒன்று போகலாம் என்று அர்த்தம். அந்த ஒன்று உன்னுடையதாக இருந்தால் என்ன செய்வாய்?” உத்தரவாதத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ஐந்தாண்டு உத்தரவாதம் இருந்தால் நல்லது, ஆனால் அவர்கள் தருவது புது டிஸ்க். அம்மாவின் குரலை யாரும் தரமாட்டார்கள்.

கடைசியில் கணினிக்கு ஒரு எஸ்.எஸ்.டி., பதிவுகளுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் என்று முடிவானது. இரண்டையும் ஒரே கடையில் வாங்க அக்கா விடவில்லை. ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் உருவானவற்றில் குறை இருந்தால் இரண்டிலும் இருக்கும், சேர்ந்தே போகலாம் என்பது அவர் தொழிலில் கற்றது. இன்னொரு மாடிக்குப் போய் வேறு நிறுவனத்தின் டிஸ்க் ஒன்றை வாங்கினோம். வழியில் ஒருவரின் கைப்பேசியில் இணைய விளம்பரம்: பதினாறு டெராபைட், கையடக்க எஸ்.எஸ்.டி., மிகச் சொற்ப விலை. அக்கா நின்று பார்க்கவே இல்லை. அப்படிப்பட்டவை பெரும்பாலும் சிறிய நினைவட்டையைப் பொய்க் கொள்ளளவு காட்டவைத்து விற்பவை. நிரம்பியபின் புதிய தகவல் பழையதை அழித்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் டிஸ்க் முழுவதையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதித்தோம். ஒன்று என் வீட்டில், ஒன்று ஈசூனில் அக்கா வீட்டில், இன்னொரு நகல் இணையச் சேமிப்பில். ஒரு வீட்டில் தண்ணீர் புகுந்தாலும் மற்றது தப்பும். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முன், இரண்டையும் செருகித் திறந்து பார்ப்பது என்று பேசிக்கொண்டோம்.

ஒன்பது காணொளிகளும் நகலாகும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் கேட்டார், “போன இரண்டில் என்ன இருந்தது?”

ஒன்றில் தாத்தாவின் வேலை, இன்னொன்றில் குடியிருப்பில் கொண்டாடிய பொங்கல் என்றேன்.

“அதெல்லாம் அம்மா எனக்கும் சொல்லியிருக்காங்க” என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “கேமராவை எடு. நான் சொல்றேன்.”