கரும்பலகையில் எழுதிய கணக்கு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்ட நாட்களில் எங்கள் ஊரிலும் மின்சாரம் இல்லை, தொலைபேசியும் இல்லை. சில நாட்கள் கழித்துக் கைபேசிக்கு உயிர் வந்தபோது, தேங்கிக் கிடந்த செய்திகளோடு ஒரு படமும் வந்து சேர்ந்தது. ஓர் ஏரிக்கரை. கரையோரத்தில் அத்திவாரம் மட்டும் எஞ்சிய பழைய தேவாலயம். அதனருகில் நீண்ட அங்கி அணிந்த குருமார். அனுப்பியவன் மன்னாரில் ஆசிரியனாக இருக்கும் என் பழைய அறைத் தோழன். கீழே எழுதியிருந்தான்: "மச்சான், சுகமா இருக்கிறியா? இதுதான் நீசேயா. நீ கணக்குப் பிழை பிடிச்ச இடம்."

துருக்கியில் இன்று இஸ்னிக் என்று வழங்கும் ஊர்தான் அன்றைய நீசேயா. அங்கே 325ஆம் ஆண்டு கூடிய சங்கத்தின் 1700ஆவது ஆண்டு நிறைவுக்காக, பாப்பரசர் பதினான்காம் லியோவும் கொன்ஸ்தாந்திநோபிளின் முதுபெரும் பிதாவும் நவம்பர் 28ஆம் திகதி அந்த ஏரிக்கரையில் ஒன்றாக நின்று பிரார்த்தித்திருக்கிறார்கள். இங்கே நாங்கள் வெள்ளத்தைப் பார்த்து நின்ற அதே நாள்.

தோழன் சொன்ன கணக்குப் பிழையின் கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2005ஆம் ஆண்டு. ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருட வதிவிடப் பயிற்சி. நான் கணித பாடநெறி. அவன் கத்தோலிக்கன், தமிழ் பாடநெறி. இரவு படிப்பு முடிந்ததும் கட்டிலோரம் முழந்தாளிட்டுச் செபம் சொல்லுவான். நான் இஷா தொழுதுவிட்டு வருவேன். இருவருக்கும் இடையில் ஒரு பழைய மேசை விசிறி மட்டுந்தான். அந்த நாட்களில் மதவாத விவாத ஒலிநாடாக்கள் எங்கள் கைகளில் நிறையப் புழங்கின. அவற்றைக் கேட்டுக் கேட்டு, எதிராளியை வாயடைக்கச் செய்வதே மார்க்கத்துக்குச் செய்யும் பெரிய ஊழியம் என்று நம்பியிருந்தேன். ஒருநாள் மாலை, வகுப்பறையில் பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்க, சோக்கட்டியை எடுத்து 1+1+1=1 என்று கரும்பலகையில் எழுதினேன். "இந்தக் கணக்கை ஒரு ஆசிரியர் எப்படி மாணவருக்குப் படிப்பிப்பார்?" என்று அவனைப் பார்த்துக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் எழுந்து வந்து அழிப்பானால் பலகையைத் துடைத்தான். "நாங்கள் மூண்டு கடவுள் எண்டு எந்தக் காலத்திலயும் சொன்னேல்லை மச்சான்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் விடுதியில் வேறு அறைக்கு மாறிவிட்டான். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட நாள். கொன்றவர்களின் பெயர்கள் எங்கள் பிள்ளைகளின் பெயர்களைப் போலவே இருந்தன. மூன்று நாட்கள் தயங்கியபின் தோழனுக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்குச் சொல் வரவில்லை. மறுமுனையில் அவன், "ஊரில பிரச்சினையில்லையே? பிள்ளையள் பயந்திருக்குங்கள், கவனம்" என்றான். நான் கேட்க வேண்டியதை அவன் கேட்டான். கரும்பலகைக்கும் குண்டுக்கும் நேரான தொடர்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்தவனுடைய நம்பிக்கை சிரிப்புக்குரியது என்ற இடத்திலிருந்துதான் அந்தப் பாதை கிளம்புகிறது என்று அன்றிரவு எனக்குப் பட்டது. அந்தப் பாதையின் முதல் சில அடிகளை நானும் நடந்திருக்கிறேன்.

ஊரடங்கு நாட்களில், எப்போதோ பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிப் போட்டிருந்த திருச்சபை வரலாற்று நூலைத் தூசு தட்டி எடுத்தேன். நான் பிழை பிடித்த அந்தக் கணக்கை யார், ஏன் போட்டார்கள் என்று அறிய விரும்பினேன்.

318ஆம் ஆண்டளவில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தொடங்குகிறது கதை. அங்கே ஆரியுஸ் என்றொரு குருவானவர். தந்தை ஒருவரே தொடக்கமில்லாதவர். மகன் எவ்வளவு மேலானவராயினும் தந்தையால் உண்டாக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்தது என்று அவர் போதித்தார். அவருடைய ஆயர் அலெக்சாண்டர் அதை மறுத்தார். வாசித்ததும் துள்ளினேன். "ஆரியுஸ் நம்மாள்!" நம்மில் பலரும் அப்படித்தான் எழுதியும் பேசியும் வருகிறார்கள். மேலும் வாசித்தபோது துள்ளல் அடங்கியது. ஆரியுஸ் சொன்ன மகன், எல்லாக் காலங்களுக்கும் முன்பே உண்டாக்கப்பட்டு, அவர் மூலமாகவே உலகம் படைக்கப்பட்டு, வணக்கத்துக்கும் உரியவராயிருந்தவர். மர்யமின் மகனாகிய ஈஸா நபி அவர்களைப் பற்றிய நமது நம்பிக்கை அதுவல்ல. ஆரியுஸும் அவர்களுடைய வீட்டு ஆள்தான். வீட்டுக்குள் நடந்த சண்டையில் ஒருவரை நமது சாட்சியாக இழுத்துவருவது நியாயமில்லை.

இன்னொரு பொய்யும் அன்று கழன்றது. நீசேயாவில்தான் பைபிளைத் தொகுத்தார்கள், அங்கேதான் பேரரசன் கொன்ஸ்தந்தீன் இயேசுவைக் கடவுளாக்க வாக்கெடுத்தான் என்றெல்லாம் நான் வகுப்பில் கூடச் சொல்லியிருக்கிறேன். நீசேயாச் சங்கம் வேதநூல் பட்டியல் எதையும் வகுக்கவில்லை. இயேசுவை வணங்கும் வழக்கமும் அதற்கு வெகு முந்தியது. கொன்ஸ்தந்தீனுக்கோ ஆரம்பத்தில் இந்த விவகாரமே அற்பமாகத் தெரிந்தது. அலெக்சாண்டருக்கும் ஆரியுஸுக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதி, இதற்காகவா சண்டை என்று கடிந்துகொண்டான். சண்டை தீராததால்தான் ஆயர்களைக் கூட்டினான். வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. கூட்டத்தில் இருந்த செசாரியா ஆயர் எவுசேபியுஸ் 250க்கு மேல் என்று எழுதியிருக்கிறார். சில வருடங்களுக்கு முன்னர்வரை அதே அரசால் வேட்டையாடப்பட்ட சபையின் தலைவர்கள், இப்போது அரசனின் விருந்தினர்.

அங்கே எழுந்த கேள்வி இதுதான். கடவுள் ஒருவர் என்பது அவர்கள் யூத வேதத்திலிருந்து பெற்ற, விட முடியாத நம்பிக்கை. இயேசுவின் பெயரால் ஞானஸ்நானம் பெறுவதும் அவரிடம் மன்றாடுவதும் தலைமுறைகளாக வந்த வழக்கம். இரண்டையும் கைவிடாமல் எப்படிப் பேசுவது? மகன் படைப்பென்றால் படைப்பையல்லவா வணங்குகிறோம் என்றது ஒரு பக்கம். படைப்பல்ல என்றால் இரண்டு கடவுளாகாதா என்றது மறுபக்கம். சங்கம் ஒரு கிரேக்கச் சொல்லைத் தேர்ந்தது: ஹோமோஊசியோஸ். தந்தையும் மகனும் ஒரே பொருள் என்பது கருத்து. வேதநூலில் இல்லாத சொல். பலருக்கு அது தொண்டையில் சிக்கியது. எவுசேபியுஸ் கையொப்பமிட்டுவிட்டு, எந்த அர்த்தத்தில் ஒப்புக்கொண்டேன் என்று தம் ஊர்ச் சபைக்கு நீண்ட கடிதம் எழுதி விளக்கினார். ஊருக்குப் பதில் சொல்லவேண்டிய மனிதரின் தவிப்பு அந்தக் கடிதத்தில் தெரிகிறது. கையொப்பமிட மறுத்த லிபிய ஆயர் இருவர் ஆரியுஸோடு நாடுகடத்தப்பட்டனர்.

அதோடு முடிந்ததா? இல்லை. அரச கை நம்பிக்கைக்குள் நுழைந்தபின் சொல் வாளாகிவிட்டது. அரசன் மாறினால் நம்பிக்கை அறிக்கையும் மாறியது. நாடுகடத்தப்பட்ட ஆரியுஸ் திருப்பியழைக்கப்பட்டார். நீசேயாவின் காவலரான அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸோ ஐந்து தடவை விரட்டப்பட்டார். 328 முதல் 373 வரை ஆயராயிருந்த அவர் அதில் ஏறக்குறைய 17 வருடங்களை ஊருக்கு வெளியே கழித்தார். நீசேயாவைக் கூட்டிய கொன்ஸ்தந்தீனுக்கே 337இல் மரணப்படுக்கையில் ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸின் நண்பரான ஓர் ஆயர். "ஒரே பொருள்" என்பதற்குப் பதிலாக "ஒத்த பொருள்" என்று சொல்லலாமே என ஒரு சாரார் சமரசம் பேசினர். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். 

கடைசியில் 380இல் தியோடோசியஸ் அரசன் நீசேயா நம்பிக்கையைச் சட்டமாக்கினான். 381இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் பரிசுத்த ஆவியைப் பற்றியும் விரித்துரைத்தது. இன்றும் தேவாலயங்களில் சொல்லப்படும் அறிக்கை அந்தச் சங்கத்தோடு இணைத்துத்தான் அறியப்படுகிறது.

அந்தக் காலத்து நீசா நகர் ஆயர் கிரகோரி, கொன்ஸ்தாந்திநோபிளின் கடைத்தெருவைப் பற்றிச் சலித்துக்கொள்கிறார். சில்லறை மாற்றப் போனாலும், பாண் விலை கேட்டாலும், குளிக்க வெந்நீர் தயாரா என்று விசாரித்தாலும், பதிலுக்கு மகன் பிறந்தவரா, உண்டாக்கப்பட்டவரா என்ற பிரசங்கந்தான் கிடைக்கிறதாம். எங்கள் சந்தித் தேநீர்க் கடையை அவர் எங்கே பார்த்தார் என்று எண்ணிச் சிரித்தேன். அதே கிரகோரி, அப்லாபியுஸ் என்பவருக்கு எழுதிய ஒரு சிறு நூலின் பெயரைக் கண்டதும் என் சிரிப்பு நின்றது. மூன்று கடவுளர் இல்லை என்பதே அதன் பொருள். பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகியோருக்கு மனித இயல்பு ஒன்றாயிருந்தும் மூன்று மனிதர் என்கிறோமே, அப்படியானால் இவர்களை மூன்று கடவுள் என்று ஏன் சொல்வதில்லை? நான் சோக்கட்டியால் கேட்ட கேள்வி. மூவரும் தனித்தனியே மூன்று வேலை செய்வதில்லை. தந்தையிடம் தொடங்கி, மகன் வழியாக வந்து, ஆவியில் நிறைவுறும் செயல் ஒன்றே என்பது அவருடைய பதில். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஆனால் நான் பெருங்கண்டுபிடிப்பாக எழுதிய கணக்கை, ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன்பே அவர்கள் தங்களுக்குள் கேட்டு, அதனுடன் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். துரும்பை எறிந்துவிட்டு மலையைப் பெயர்த்ததாக நினைத்திருந்தேன்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஹிஜ்ரி 218, அதாவது 833ஆம் ஆண்டு, கலீஃபா மஃமூன் தன் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளாத காழிகளையும் உலமாக்களையும் விசாரிக்கச் சொன்னான். அல்லாஹ்வின் வார்த்தை என்பதனால் ஈஸா படைக்கப்பட்டவரல்ல என்று சொல்லும் கிறிஸ்தவர்களைப் போலல்லவா இவர்கள் பேசுகிறார்கள் என்பது அவனுடைய வாதங்களில் ஒன்று. ஒப்புக்கொள்ள மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அவர்கள் அடுத்த கலீஃபா முஃதஸிமின் காலத்தில் சவுக்கால் அடிக்கப்பட்டார்கள். அரசனின் அவை, ஒரு சொல், அதற்கு உடன்படாதவனுக்குத் தண்டனை. நீசேயாவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன உரிமை?

எங்கள் ஊரிலும் ஒரு சிறிய நீசேயா நடந்தது. 2012இல் பள்ளிவாசல் இரண்டானது. நான் புதிய பள்ளியின் பக்கம். பழைய பள்ளியில் தொழுவிப்பவர் என் பெரியவாப்பா. எனக்கு அலிஃப் பே தொட்டுக் கொடுத்தவர். அவர் பின்னால் தொழுதால் தொழுகை கூடுமா என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். ஏழு வருடங்கள் அவர் பின்னால் நிற்கவில்லை.

கிரகோரியின் நூலைப் பற்றி வாசித்த சில நாட்களில், ஓர் அஸருக்கு முன்பாக அவரிடம் போனேன். வாசல் திண்ணையில் இருந்தார்.

"பெரியவாப்பா, அல்லாஹ்வின்ட அறிவு, குத்ரத்து, பேச்சு இதெல்லாம் அல்லாஹ்தானா? இல்லாட்டி வேறயா?"

"அவனுமில்ல, அவனுக்கு வேறயுமில்ல. சின்ன வயசில சொல்லித் தந்தனே, மறந்திட்டியா மனே?"

"மறக்கல்ல. வெளியாள் ஒருத்தன் வந்து, தொடக்கமில்லாதது எத்தனை உங்களுக்கு, எண்ணிச் சொல்லுங்க எண்டா என்ன சொல்லுற?" முஃதஸிலாக்கள் நம் முன்னோரிடம் கேட்டதும் இதைத்தான் என்பது எனக்கு அப்போது தெரிந்திருந்தது.

பெரியவாப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எண்ணுறத்துக்கா மனே அதச் சொன்னாங்க? அல்லாஹ்வப் பத்திப் பிழையா ஒண்டும் சொல்லிரக் கூடாதெண்டு சொன்னாங்க. அது வேலி. வேலியப் பாத்திட்டு, இதில என்ன காய்க்குமெண்டு கேக்கிறா."

பாங்கு கேட்டது. அவர் எழுந்தார். ஏழு வருடக் கதையை அவர் எடுக்கவில்லை. நான் அவருக்குப் பின்னால் ஸஃப்பில் நின்றேன்.

நான் தவ்ஹீதிலிருந்து ஓர் அங்குலமும் விலகவில்லை. மூன்று என்று சொல்லாதீர்கள் என்ற இறைகட்டளை எனக்கு ஐயமற்றது. வேதத்தையுடையோருடன் அழகிய முறையிலன்றித் தர்க்கிக்க வேண்டாம் என்பதும் அதே இறைவனின் கட்டளைதான். முதலாவதை மனனம் செய்த நான் இரண்டாவதைத் தவறவிட்டிருந்தேன். மறுப்பது வேறு. ஒரு சமூகம் எந்தக் கேள்விக்குப் பதிலாக அந்த வேலியை நட்டது என்று கேளாமலே நகைப்பது வேறு.

2023இல் விடைத்தாள் திருத்தும் பணியில் தோழனை மீண்டும் சந்தித்தேன். திரும்பும் வழியில் இருவரும் அநுராதபுரத்தில் இறங்கி, அங்கே 1912இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட கற்சிலுவையைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தோம். பாரசீகக் கிறிஸ்தவர்களுடையது என்றே ஆய்வாளர் பலர் கருதும் சிலுவை. ஆறாம் நூற்றாண்டில் இத்தீவில் அவர்களுக்கு ஒரு சபையும் பாரசீகத்தில் நியமிக்கப்பட்ட ஒரு குருவும் இருந்ததாகக் கொஸ்மாஸ் என்ற வணிகர் எழுதியிருக்கிறார். நீசேயாவை ஏற்று, 431இல் எபேசு சங்கத்தின் தீர்ப்பை ஏற்காமல் ரோமப் பேரரசின் சபையிலிருந்து பிரிந்து நின்றவர்கள் அவர்கள். ஒரு சொல்லால் பிரிந்தவர்களுக்கு இந்தத் தீவு இடம் கொடுத்திருக்கிறது.

"அந்தக் கரும்பலகை விஷயம்..." என்று தொடங்கினேன்.

"அண்டைக்கே அழிச்சிட்டன் மச்சான்" என்றான்.

இப்போது அவன் அனுப்பிய படத்துக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. பலமுறை எழுதி அழித்தேன். கடைசியில், "எல்லோரும் சுகம். கணக்கில் பிழையில்லை, கேள்வியை விளங்காமல் திருத்தியவனில்தான் பிழை" என்று அனுப்பினேன். கணித ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய வெட்கம் வேறில்லை.