மூடிய வானத்தின் மாதங்களுக்கு

அடைமழைக் காலமே,

நீ ஜவ்வாது மலையேறி வந்தால் ஜமுனாமரத்தூரில் எங்கள் நடமாட்டமே குறைந்துபோகும். இரவு வானத்தைப் படமெடுக்கும் எனக்கோ நீ இருக்கும்வரை வெளியில் வேலையே இல்லை. மேகம் ஒரு காரணம். மேகம் விலகினாலும் பயனில்லை என்பது இன்னொன்று. மார்கழியில் சூரியன் தனுசு ராசியில் நிற்கிறது. பால்வீதியின் மையமும் அதே திசையில்தான். சூரியனோடு எழுந்து சூரியனோடு மறைந்துவிடும் அதை எந்தக் கேமராவால் பிடிக்க முடியும்? மாசி மாத விடியற்காலையில்தான் மறுபடி கண்ணில் படும். அதுவரை என்னை வீட்டுக்குள் உட்காரவைத்து, ஒரு படத்தை எப்படி அமைப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாயே, அதற்குத்தான் இந்த மடல்.

அடைமழைக் காலமே, உன் வெளிச்சத்துக்கு என் முதல் நன்றி. கோடை வெயிலில் பாதிப் பொருள் வெளுத்துப்போகும், மீதி நிழலில் கறுத்துப்போகும். நீ வந்ததும் வானம் முழுக்க வெள்ளை வேட்டி கட்டியதுபோல் ஒளி வடிந்து இறங்குகிறது. எங்கள் வடக்குச் சன்னலோரம் காலையில் இருந்த ஒளி பிற்பகலிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒரு பொருளை அங்கே வைத்துவிட்டு, நகர்த்தி நகர்த்திப் பார்க்க அவ்வளவு நேரம் தருவது நீ மட்டும்தான்.

அடைமழைக் காலமே, அந்த முறமும் சொம்பும் உனக்கும் நினைவிருக்கும். முறத்தில் அம்மா புடைத்து வைத்த சாமை, பக்கத்தில் எவர்சில்வர் சொம்பு. 50 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான், கேமரா முக்காலியில். ஒளி குறைவு என்பதால் ஷட்டர் கால் நொடி திறந்திருக்க வேண்டும். முதலில் சொம்பின் விளிம்பு முறத்தின் விளிம்பைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நின்றது. அப்படி முட்டினால் முன்னால் இருப்பது எது, பின்னால் இருப்பது எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. சொம்பை ஒரு விரற்கடை தள்ளினேன். இரண்டுக்கும் நடுவில் தரையின் சாணிப் பச்சை ஒரு கீற்றாகத் தெரிந்தது, படத்துக்குள் மூச்சு வந்தது. அப்புறம் சொம்பின் வயிற்றில் சன்னல் கம்பிகள் வளைந்து தெரிவதைக் கவனித்தேன். சொம்பைத் திருப்பினால் போகவில்லை. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கியபோது கம்பிகள் ஓரத்துக்கு நகர்ந்து, உலோகத்துக்கு உருண்டை கொடுக்கும் கோடாக மாறின. பக்கவாட்டு ஒளியில் சாமை ஒவ்வொரு மணியாகத் தனித்துத் தெரிந்தது. “சொம்பக் குடுப்பா, தண்ணி மொள்ளணும்” என்று அம்மா கேட்கும்வரை எனக்கு அங்கே எழ மனமில்லை.

அடைமழைக் காலமே, நான்கு ஓரங்களையும் பார்க்கும் பழக்கம் நீ தந்ததுதான். மலையுச்சியில் நிற்கும்போது கண் நேரே அழகின் நடுவுக்குப் போய்விடும். காட்சியே அள்ளிக் கொடுப்பதால் நாம் எதையும் முடிவுசெய்ய வேண்டியதில்லை. ஒரு சொம்பு அப்படி எதையும் அள்ளித் தராது. எங்கே வெட்டுவது, எவ்வளவு வெற்றிடம் விடுவது என்று ஒவ்வொன்றையும் நாமே தீர்மானிக்க வேண்டும். பொருளை நடுவில் வைக்காமல் படத்தின் மூன்றில் ஒரு பங்கில் வைக்கச் சொல்லும் விதியை யாரும் ஒரு நாளில் சொல்லிவிடலாம். அதை எப்போது மீறலாம் என்பதைப் பொருளை நடுவில் வைத்தும் ஓரத்தில் வைத்தும் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அடைமழைக் காலமே, நீ வந்தால் நம் மலையின் காவலூர் வானாய்வகமும் வானம் பார்க்க முடியாமல் காத்திருக்கும். 1968-இல் தொடங்கிய அந்த ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குக்கூட உன் மேகத்தை ஊடுருவ வழியில்லை. அங்கே நடந்த ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. 1 மீட்டர் தொலைநோக்கியில் அதைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, கோள் வந்து சேரும் முன்பே நட்சத்திரத்தின் ஒளி ஒருகணம் மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதற்கான ஆதாரங்களில் அது ஒன்றாயிற்று. கோளுக்காகக் காத்திருந்தவர்கள் அதற்கு வெளியே நடந்ததையும் விடாமல் பதிவுசெய்திருந்தார்கள். ஓரத்தின் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை வந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு.

அடைமழைக் காலமே, உன்னால்தான் ஜோசப் சூடெக் என்ற புகைப்படக் கலைஞரை நெருக்கமாகப் புரிந்துகொண்டேன். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். பிராக் நகரில் தன் ஸ்டூடியோவின் சன்னலை 1940 முதல் 1954 வரை திரும்பத் திரும்பப் படமெடுத்தார்: ஆவி படிந்த கண்ணாடி, வழியும் நீர்த்துளி, வெளியே வளைந்து நிற்கும் ஒரு மரம். நாஜிகள் அந்நகரைப் பிடித்து வைத்திருந்த ஆண்டுகளும் அதில் அடங்கும். வெளியே போக முடியாத காலத்தில் ஒரு மனிதருக்கு ஒரு சன்னல் எவ்வளவு கொடுத்திருக்கிறது! உன் சாரலில் எங்கள் சன்னல் கண்ணாடி மங்கும்போதெல்லாம் அவருடைய படங்களை எடுத்துப் பார்க்கிறேன்.

அடைமழைக் காலமே, கார்த்திகை அகல்களை வாசற்படியில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பழகியதையும் சொல்ல வேண்டும். மூன்று விளக்குகளைச் சம இடைவெளியில் வைத்தால் கண் வரிசையை எண்ணிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் அங்கேயே தங்குகிறது.

அடைமழைக் காலமே, நீ கொடுத்ததை நான் எங்கே செலவழித்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். குள்ளர் குகை என்று இங்கே சொல்கிறார்களே, அந்தப் பெருங்கற்காலக் கற்திட்டைகளுக்கு மாசி விடியலில் போனேன். பலகைக்கல்லின் உச்சி பால்வீதியின் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. நான் யோசிக்கவே இல்லை. கால் தானாக இடப்பக்கம் இரண்டடி நகர்ந்து, உடல் தானாகக் குனிந்தது. கல்லுக்கும் வானத்துக்கும் நடுவில் இருட்டு ஒரு கீற்றாக விழுந்தது. அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் வானத்தைப் புகழ்கிறார்கள், எனக்கோ அந்தக் கீற்றுதான் பிடித்திருக்கிறது.

அடைமழைக் காலமே, இந்த ஐப்பசிக்குக் கறுப்பு வெள்ளையில் மட்டும் பழகலாம் என்றிருக்கிறேன். நிறத்தின் துணையில்லாமல் ஒரு பலாக்கொட்டையையும் ஒரு புளியங்கொத்தையும் தனித்தனியாக நிறுத்த முடிகிறதா என்று பார்க்க வேண்டும். சன்னலோரத்தைக் காலி செய்து வைத்துவிட்டேன். இந்த முறை தை பிறக்கும்வரை இருந்துவிட்டுப் போ.