தேய்மானமும் ஐந்தரை லிட்டர் ஆயிலும்

பி.காம். படிக்கிறவர்களிடம் "தேய்மானம்" என்று சொன்னால் உடனே கால்குலேட்டரை எடுப்பார்கள். வாங்கின விலை, கழிவு மதிப்பு, ஆயுட்காலம்... கழித்து வகுத்தால் வருஷத்துக்கு இவ்வளவு என்று சீராக ஒரு தொகை வந்துவிடும். அதே வார்த்தையை ஒரு மெக்கானிக்கிடம் சொல்லிப் பாருங்கள், அவர் பேரிங்கை எடுத்துக் காட்டுவார். அந்தத் தேய்மானம் வருஷா வருஷம் சீராக வராது. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று போய்க்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் நெடுஞ்சாலையில் மொத்தமாகக் கணக்கை முடித்துவிடும்.

அப்படிக் கணக்கு முடிந்த கார்களில் பேர் வாங்கினது பி.எம்.டபிள்யூ எம்3. எல்லா எம்3யும் இல்லை, 2000 முதல் 2006 வரை தயாரான, இ46 என்று ரசிகர்கள் சொல்லும் தலைமுறை. அதன் எஞ்சினுக்கு எஸ்54 என்று பெயர். வரிசையாக ஆறு சிலிண்டர், 3246 சிசி, 343 குதிரைசக்தி. டர்போ கிடையாது. டர்போ இல்லாமல் அவ்வளவு சக்தி வேண்டுமென்றால் வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். இது நிமிஷத்துக்கு 8000 தடவை சுற்றும். அதாவது ஒரு செகண்டுக்கு 133 சுற்று. பிஸ்டன் ஓடுகிற தூரம் வெறும் 91 மில்லிமீட்டர், அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே மேலும் கீழும் சராசரியாக மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் போய்த் திரும்பி வருகிறது. நினைத்தாலே தலை சுற்றுகிறது.

அந்த பிஸ்டனைக் கிராங்கோடு சேர்ப்பது கனெக்டிங் ராட். ராட் கிராங்கைப் பிடிக்கிற இடத்தில் ஒரு பேரிங். பேரிங் என்றதும் உருண்டை போட்ட பால்ரஸ்தான் நினைவுக்கு வரும். இது அது இல்லை. இரண்டு அரைவட்டத் தகடுகள், மேலே மெல்லிசாக ஈயமும் செம்பும் கலந்த பூச்சு. கிராங்குக்கும் தகட்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி, அதில் ஆயில். சரியாக ஓடும்போது உலோகம் உலோகத்தைத் தொடவே தொடாது, கிராங்க் ஆயிலின் மேல் மிதந்துகொண்டிருக்கும். ஆயில் படலம் எங்கேயாவது கிழிந்தால் போச்சு.

2001 முதல் 2003 வரை வந்த எம்3களில் இந்த பேரிங்குகள் நிறைய சிதைந்தன. நிறுவனமே கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாக பேரிங் மாற்றிக் கொடுத்தது, அமெரிக்காவில் எஞ்சினுக்கான உத்தரவாதத்தையும் நீட்டித்தது. அதெல்லாம் முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

இப்போது ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நியூஜெர்சியில் இருக்கிறார், நடுத்தர வயது, சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட காரை இப்போதுதான் வாங்கியிருக்கிறார். 2002 மாடல், மூன்று கை மாறின வண்டி. பேரிங் மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டால் விற்றவருக்குத் தெரியவில்லை. ரசீது எதுவும் இல்லை. வாங்கின முதல் சனிக்கிழமை ஆயில் மாற்றலாம் என்று கடைக்குப் போகிறார். அலமாரி முழுக்க ஆயில், எல்லா டப்பாவிலும் "பெர்ஃபார்மன்ஸ்" என்று எழுதியிருக்கிறது. எதை எடுப்பது?

இந்தக் காருக்கு நிறுவனம் சொன்னது 10டபிள்யூ-60. அந்தக் காலத்தில் காஸ்ட்ரால் டி.டபிள்யூ.எஸ். என்ற பெயரில் வந்தது. 2015ல் நிறுவனம் ஷெல் பக்கம் போனது, டப்பா மாறியது, எண் மாறவில்லை. இதே உடம்பில் வரும் 330ஐ காருக்கு 5டபிள்யூ-30 போதும். நிஸ்ஸான் ஜி.டி.ஆர். ஆர்35 எவ்வளவு பெரிய ராட்சசன், அதற்கு தொழிற்சாலையிலேயே ஊற்றினது மொபில்1 0டபிள்யூ-40. "வேகமான கார், அதனால் கெட்டி ஆயில்" என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது சரியில்லை. எந்த எஞ்சின், எந்த பேரிங், எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்தது.

அந்த எண்களில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் உண்டு. டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். 10டபிள்யூ என்பது மைனஸ் 25 டிகிரியில் எஞ்சினைச் சுற்ற வைக்க ஆயில் எவ்வளவு தடை செய்கிறது என்று பார்த்துக் கொடுக்கிற தரம். பின்னால் வரும் 60, நூறு டிகிரி சூட்டில் பார்ப்பது. 30 என்றால் அந்தச் சூட்டில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும். 60 என்றால் 21.9 முதல் 26.1. ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. ஆனால் பேரிங்குக்கு உண்மையில் முக்கியமானது இன்னொரு எண், டப்பாவின் முன்பக்கத்தில் அதைப் போடமாட்டார்கள். 150 டிகிரி சூட்டில், பயங்கரமாக நசுக்கித் தேய்க்கும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது அது. 0டபிள்யூ-40க்கு விதிப்படி குறைந்தது 3.5 இருந்தால் போதும், 60க்கு 3.7. பார்த்தால் பெரிய வித்தியாசமே இல்லையே என்று தோன்றும். பாஸ் மார்க் வேறு, வாங்கின மார்க் வேறு இல்லையா? நல்ல 10டபிள்யூ-60 ஆயில்கள் நடைமுறையில் ஐந்துக்கு மேலே நிற்கும். எஸ்54க்கு வேண்டியது அந்த மிச்சம்தான்.

கெட்டிக்கும் ஒரு விலை இருக்கிறது. நியூஜெர்சி ஜனவரியில் காலை ஏழு மணிக்கு அந்த ஆயில் தேன் மாதிரி இருக்கும். இதைத் தயாரித்தவர்கள் யோசிக்காமல் இல்லை. எம்3யின் சுற்றுவேக மீட்டரைச் சுற்றி சின்னச் சின்ன விளக்குகள் வைத்தார்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போது அவை எரிந்து "இதற்கு மேல் முறுக்காதே" என்று எல்லை காட்டும். ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணைந்து எல்லை மேலே போகும். மீட்டருக்குள்ளேயே ஆயில் சூட்டைக் காட்ட ஒரு முள்ளும் உண்டு. தண்ணீர்ச் சூடு சீக்கிரம் ஏறிவிடும், ஆயில் மெதுவாகத்தான் ஏறும். நிறையப் பேர் தண்ணீர் முள்ளைப் பார்த்துவிட்டு மிதித்துவிடுகிறார்கள்.

சிந்தெடிக் பற்றியும் ஒரு வார்த்தை. வணிகவியல் மாணவர்களுக்கு இது விளம்பரச் சட்டப் பாடத்திலேயே வந்திருக்க வேண்டிய கதை. ரசாயன முறையில் ஒவ்வொரு மூலக்கூறாகக் கட்டி உருவாக்கின எண்ணெயைத்தான் சிந்தெடிக் என்று சொல்ல வேண்டும், கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்ததை அப்படிச் சொல்லி விற்கக் கூடாது என்று மொபில் நிறுவனம் காஸ்ட்ரால் மேல் அமெரிக்க விளம்பரத் துறையின் தேசிய விளம்பரப் பிரிவில் புகார் செய்தது. 1999ல் தீர்ப்பு காஸ்ட்ரால் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் "முழு சிந்தெடிக்" என்பது வேதியியல் வார்த்தையாக இல்லை, விற்பனை வார்த்தையாகிவிட்டது :-) அதற்காக இரண்டாவது வகை மோசம் என்று அர்த்தமில்லை, நிறைய நல்ல ஆயில்கள் அதில்தான் வருகின்றன. முன்பக்கத்து வார்த்தையை நம்பாதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள் என்பதுதான் விஷயம். கார் நிறுவனத்தின் ஒப்புதல் எண் அங்கேதான் இருக்கும்.

நம்ம ஆள் 10டபிள்யூ-60 எடுத்துவிட்டார். ஐந்தரை லிட்டர் வேண்டும், ஆறு டப்பா. அடுத்து ஃபில்டர்.

எம்3யில் வெளியே தொங்குகிற டப்பா ஃபில்டர் இல்லை. ஒரு மூடியைத் திறந்தால் உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதக் குழல் ஒன்று, அதை மட்டும் மாற்றினால் போதும். இதற்கும் "ரேஸ்" ஃபில்டர், கழுவிக் கழுவிப் போடுகிற கம்பி வலை ஃபில்டர் என்று ஆசை காட்டுவார்கள். வலையில் ஆயில் சுலபமாக ஓடும், உண்மை. சுலபமாக ஓடுகிற இடத்தில் தூசும் சுலபமாகத்தான் ஓடும். ரோட்டில் ஓட்டுகிற காருக்கு மான், மாலே, ஹெங்ஸ்ட் மாதிரி ஜெர்மன் கம்பெனிகளின் சாதாரணக் காகிதமே நல்லது, விலையும் குறைவு. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம், கூடுதலாகக் கொட்டவும் வேண்டாம்.

ஃபில்டரில் ஒரு ரகசியக் கதவு இருப்பது பலருக்குத் தெரியாது. காகிதம் அடைத்துக்கொண்டாலோ, ஆயில் குளிரில் கெட்டியாகிக் காகிதத்தைத் தாண்ட முடியாவிட்டாலோ ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே எஞ்சினுக்கு அனுப்பிவிடும். பட்டினி போடுவதைவிட அழுக்குச் சோறு மேல் என்கிற கணக்கு. குளிர்ந்த 10டபிள்யூ-60ஐ வைத்துக்கொண்டு எஞ்சினை முறுக்கினால் இந்த வழியைத்தான் திறந்துவிடுகிறோம். எவ்வளவு நல்ல ஃபில்டர் வாங்கியிருந்தாலும் அந்த நேரத்தில் அது சும்மா வேடிக்கை பார்க்கும்.

எத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்றுவது? காரின் கணினி ஏறக்குறைய 15,000 மைல் வரைக்கும் விட்டுவிடும். அமெரிக்காவில் அந்த ஆண்டுகளில் புது காருக்கு முதல் சில வருஷப் பராமரிப்பை நிறுவனமே தன் செலவில் செய்து கொடுத்தது. ஆயில் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது, 1,00,000 மைலுக்குப் பிறகு எஞ்சின் போனால் அது யார் கணக்கில் வருகிறது... காஸ்ட் அக்கவுண்டிங் தெரிந்தவர்கள் யோசித்துக்கொள்ளலாம். பொறுப்பான சொந்தக்காரர்கள் பாதிக்கும் குறைவான தூரத்திலேயே மாற்றிவிடுகிறார்கள்.

சரி, நம்ம ஆள் வீட்டில் காரைத் தூக்கி நிறுத்தி ஆயிலை இறக்குகிறார். கறுப்பாக இருக்கிறது. அதற்கு அவர் பயப்படவில்லை, அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் ஆயிலின் வேலை, கறுக்காத ஆயில்தான் சந்தேகத்துக்குரியது. பழைய ஃபில்டரை எடுத்துக் கத்தியால் மடிப்பு மடிப்பாக அறுத்து வெயிலில் விரித்துப் பார்க்கிறார். டப்பா ஃபில்டர் என்றால் தகரத்தையே வெட்ட வேண்டியிருக்கும், இங்கே அந்த வசதி. ஜிகினா மாதிரி செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று புள்ளி மின்னுகிறதா, இல்லை வெயில் கண்ணை ஏமாற்றுகிறதா? மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதனால் இறங்கின ஆயிலில் கொஞ்சம் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கூடத்துக்குத் தபாலில் அனுப்புகிறார். இந்தியானாவில் பிளாக்ஸ்டோன் போன்ற கூடங்கள் இதைத் தொழிலாகவே செய்கின்றன. ஆயிலில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஈயம், எத்தனை பங்கு செம்பு, எத்தனை பங்கு இரும்பு என்று சொல்லிவிடுவார்கள். ரத்தப் பரிசோதனை மாதிரிதான். ஒரு அறிக்கையை வைத்து முடிவு சொல்ல முடியாது, அடுத்தடுத்த ஆயில் மாற்றங்களில் ஈயம் ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் எஞ்சினைக் கீழிருந்து திறந்து பேரிங் மாற்றலாம், ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். மாற்றாமல் ஓட்டி ராட் உடைந்து வெளியே வந்தால் எஞ்சினே போய்விடும், அந்தச் செலவில் இன்னொரு நல்ல காரே வாங்கலாம்.

பழைய எம்3 மன்றங்களில் ஒரு சண்டை ஓயாமல் நடக்கும். 60 ரொம்பக் கெட்டி, அந்த நெருக்கமான இடைவெளிக்குள் ஆயில் போகாமல்தான் பேரிங் சாகிறது, 40 ஊற்றுங்கள் என்று ஒரு கட்சி. இடைவெளியை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது விஷப் பரீட்சை என்று இன்னொரு கட்சி. எஞ்சினைத் திறந்து அளந்து பேரிங் போட்டவர் என்ன வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கட்டும். திறந்தே பார்க்காதவருக்கு, வரலாறு தெரியாத வண்டிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கிற எண்தான் சரி.

அறிக்கை வர இரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு வாரமும் அவர் தினமும் காரை எடுக்கிறார், ஆனால் மெதுவாக. ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, கீழிருந்து "டக் டக்" என்று ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. டிக்கியில் ஆறாவது டப்பாவின் மிச்ச ஆயில் இருக்கிறது, இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்துப் பார்க்கிறார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆயில் முள் நடுவுக்கு வந்துவிட்டது, மீட்டரில் விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன, எதிரே ரோடு காலியாகக் கிடக்கிறது. அவர் மிதிக்கவில்லை. தபால் வரட்டும்.