பன்னிரண்டு மணிக் கச்சேரி

பன்னிரண்டு மணிக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. மார்கழி மாத மயிலாப்பூரில், சாயங்காலமானால் சபா வாசலில் விறைப்பாக நின்று டிக்கெட் கிழிப்பவர், உச்சிவேளையில் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். யாரையும் எதுவும் கேட்க மாட்டார். உள்ளே போனால் பெரிய ஹால். மின்விசிறிகள் பாதி ஓடுகின்றன. ஏ.சி. சாயங்காலத்துக்கென்று காத்திருக்கிறது. நானூறு நாற்காலிகளில் முப்பது பேர் இருந்தால் நல்ல கூட்டம்.

அந்த முப்பது பேரில் பாதி பாடகியின் சொந்தக்காரர்கள். மூன்றாவது வரிசையை மொத்தமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்சப் பேரில் சாயங்காலப் பெரிய கச்சேரிக்கு டிக்கெட் வைத்திருந்து, வீட்டுக்குப் போய்த் திரும்ப அலுப்புப்பட்டுத் தங்கிவிட்டவர்கள் சிலர். மடியில் நோட்டை வைத்து ஸ்ரீராமஜெயம் எழுதும் ஒரு பாட்டி. சட்டைப்பையில் சின்னக் குறிப்பேடு வைத்திருக்கும் ஒரு பெரியவர். ராகத்தின் முதல் பிடியிலேயே அவர் பேனா திறந்துவிடும். பின்வரிசையில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைச் சாய்த்துத் தூங்கத் தொடங்கியிருந்தார். கேன்டீனிலிருந்து சாம்பார் வாசனை கதவு திறக்கும்போதெல்லாம் வந்துபோனது.

மேடையில் இருந்த பெண்ணுக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கலாம். அரக்கு பார்டர் போட்ட மாம்பழ மஞ்சள் பட்டு அம்மாவுடையதாகத்தான் இருக்க வேண்டும். தோள்பட்டையில் ரவிக்கை கொஞ்சம் தளர்ந்து இரண்டு ஊக்கு வாங்கியிருந்தது. மைக்காரரிடம் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். மானிட்டரில் சுருதி கேட்கவில்லை. அவர் தலையாட்டினார், எதையோ திருகினார், மறுபடியும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை கேட்க அவளுக்குக் கூச்சம். சரியாகிவிட்டது என்று சிரித்துவிட்டு, சுருதிப்பெட்டியைக் காதுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். பெரிய வித்துவான் என்றால் மைக்காரர் மேடை ஏறி வந்திருப்பார். புதிதாகப் பாட வருகிறவர்களுக்குத்தான் சுருதி நன்றாகக் கேட்க வேண்டும். அவர்களுக்குத்தான் அது கேட்பதில்லை.

அறிவிப்பாளர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்: நான்கு வயதில் தொடங்கிய பயிற்சி, இரண்டு குருமார்கள், போட்டிகளில் வாங்கிய தம்புரா, அகில இந்திய வானொலியில் பி கிரேடு. கடைசி வரி வந்தபோது மூன்றாம் வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. வானொலித் தேர்வில் முகம் பார்ப்பதில்லை. குரல் மட்டும்தான் நடுவர்களிடம் போகும். பி, பி-ஹை, ஏ, டாப் என்று படிகள். முதல் படியிலேயே தவறித் திரும்பி, மறுபடி எழுதிப்போட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அதனால் அந்த ஒற்றை எழுத்துக்கு அந்தக் குடும்பம் நிமிர்ந்தது நியாயம்தான்.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அன்றைய டிசம்பர் கச்சேரிகள் பெருகிப் பெருகி, இன்றைக்கு ஊர் முழுக்க, ஒரே மேடையில் காலையிலிருந்து இரவு வரை நாலைந்து கச்சேரி என்றாகிவிட்டது. ஜூனியர், சப்-சீனியர், சீனியர் என்று அகாடமியிலேயே படி உண்டு. உச்சிவெயில் நேரம் ஜூனியர்களுக்கு. பல சபாக்களில் இந்த நேரத்துக்குக் கொடுக்கும் சன்மானம் ஆட்டோவுக்குக் காணும். பக்கவாத்தியக்காரர்களுக்குப் பெரும்பாலும் பாடுகிறவர் வீட்டிலிருந்துதான் கவர் போகும். இடம் கொடுக்கவே பணம் கேட்கிற கூட்டமும் உண்டு. அதைச் சொல்லாமல் ஆரம்பக் கலைஞர்களைப் பற்றி எழுதுவது சரியில்லை. பாட்டு வரும், வசதி வராது என்ற வீட்டுப் பிள்ளைகள் இந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

வயலினுக்கு ஐம்பது தாண்டிய ஓர் அம்மாள். கறுப்புப் பிரேம் கண்ணாடி, சாதாரண காட்டன் புடவை. வில்லுக்கு ரோசனம் தடவிக்கொண்டே, பாட்டுப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பெண் மெதுவாக, “கல்யாணி கொஞ்சம் பெரிசா பாடட்டுமா மாமி?” என்று கேட்டாள். “தாராளமாப் பாடு. நான் இருக்கேன்” என்றார்.

இதைக் கேட்டபோது பழைய கதைகள் ஞாபகம் வந்தன. எம்.எஸ். சிறுமியாகத் திருச்சி மலைக்கோட்டையில் பாடியபோது பக்கத்தில் மைசூர் சௌடையாவும் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் இருந்தார்கள் என்று சொல்வார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர் சென்னை மேடையில் தமக்கு வாசிக்க உட்கார வைத்த பாலக்காடு மணி ஐயர், அப்போது மீசை முளைக்காத பையன். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் அந்தக் காலத்துப் பிள்ளைகள் மேடையைக் கற்றுக்கொண்டார்கள். இப்போது ஜூனியர் நேரத்தில் பெரும்பாலும் மூன்று பேருமே ஜூனியர்களாக இருக்கிறார்கள். அந்த வயலின் அம்மாளைப் போன்றவர்கள் மத்தியான மேடைகளில் வந்து உட்காருவது கொடுப்பினை. பத்திரிகை விமர்சனத்தில் அவர்கள் பெயருக்கு அரை வரி கிடைத்தால் அதிகம்.

மிருதங்கம் வாசிக்க வந்திருந்த பையனுக்குப் பதினேழு இருக்கும். வேட்டி புதிது, மடிப்பு கலையவில்லை. உள்ளங்கையில் ரவையைக் கொட்டி, பாட்டில் மூடியால் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தான். உருண்டையை விரலால் தட்டித் தட்டித் தொப்பியின் நடுவில் வட்டமாக அப்பினான். ஒரு தட்டு. கீழே போகவில்லை. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ரவை. மறுபடி ஒரு தட்டு. இப்போது இடது பக்கம் வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலி இறங்கியது. பிறகு வலந்தலையைத் தன் பக்கம் சாய்த்து, கருங்கல்லால் விளிம்பைச் சுற்றி ஒவ்வோர் இடமாகத் தட்டிச் சுருதி சேர்த்தான். ஓர் இடத்தில் மட்டும் அரை மயிரிழை இறங்கி நின்றது. வயலின் அம்மாள் தன் தந்தியை மீட்டிப் பிடித்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தார். சேர்ந்ததும் இருவரும் ஒரே சமயத்தில் தலையசைத்தார்கள்.

அவன் பக்கத்தில் ஒரே ஒரு மிருதங்கப் பைதான் இருந்தது. பெண்கள் ஐந்து கட்டையில் பாடுவார்கள். அதற்கு 22 அங்குல மிருதங்கம் போதும். ஆண்களின் ஒரு கட்டைக்குச் சுருதி இறங்க வேண்டும் என்றால் 24 அங்குலம் வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் இரண்டும் வைத்திருப்பார்கள். ஆரம்பிக்கிறவனிடம் ஒன்று இருக்கும்.

வர்ணம் தொடங்கியபோது பெண்ணின் குரல் நடுங்கியது. இரண்டாம் காலத்தில் பிடித்துக்கொண்டது. ஹம்சத்வனியில் பிள்ளையார் பாட்டு, அதன்மேல் நாலு ஆவர்த்தனம் ஸ்வரம். எடுப்பு சமத்திலிருந்து அரை இடம் தள்ளி. முதல் தடவை அவசரத்தில் சமத்துக்கே வந்து விழுந்துவிட்டாள். குறிப்பேட்டுப் பெரியவரின் கை தொடையில் அப்படியே நின்றது. பையன் அடிக்கவில்லை, அந்த அரை இடத்தைச் சும்மா விட்டான். வயலின் அம்மாள் தன் முறை வந்ததும் அதே ஸ்வரத்தை நிதானமாக வாசித்து, சரியான இடத்தில் பாட்டைத் தொட்டுக் காட்டினார். கண்ணை நிமிர்த்திப் பார்க்கவே இல்லை. அடுத்த சுற்றில் பெண் சரியாக வந்தாள். ஹாலில் இதைக் கவனித்தவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம்.

கல்யாணியை அவள் எடுத்த விதம் எனக்குப் பிடித்தது. ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விட்டுவிட்டு நிஷாதத்தையும் ரிஷபத்தையும் சுற்றியே கொஞ்ச நேரம் போனாள். கல்யாணியில் அந்தச் சுதந்திரம் உண்டு, ஆனால் இந்த வயதில் அதை நம்பிப் போகத் தைரியம் வேண்டும். மேல் காந்தாரத்தில் நின்றபோது ஸ்ரீராமஜெயப் பாட்டியின் பேனா நின்றது. தூங்கிக்கொண்டிருந்தவர் எப்போதோ எழுந்து உட்கார்ந்திருந்தார்.

பெண்ணின் அம்மா எனக்கு முன்வரிசையில்தான் இருந்தார். கையில் இருந்த தாளில் பாட்டு வரிசையும் எதிரே நேரமும் பென்சிலில் எழுதியிருந்தது. ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு டிக். ‘கல்யாணி, தனி – 1.10 வரை. திருப்புகழ். தில்லானா – 1.20’. தில்லானாவுக்குக் கீழே இரண்டு கோடு. அப்பா பக்கவாட்டில் மொபைலை ஸ்டாண்டில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தக் காலத்தில் அடுத்த சபாக்காரருக்கு அனுப்ப இரண்டு நிமிஷ வீடியோ வேண்டும். அதற்குத் தில்லானாதான் எடுப்பாக இருக்கும்.

வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், நடுநாயகமாக ஒரு ராகம், தனி, பிறகு துக்கடாக்கள் என்ற இந்த வரிசை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக்கொடுத்தது என்பார்கள். அதை ஒன்றரை மணி நேரத்துக்குள் மடக்கும்போது ஏதாவது ஒன்று அடிபட்டே தீரும். வழக்கமாக அடிபடுவது தனி. பெண் கல்யாணியில் நிரவலையும் ஸ்வரத்தையும் முடித்துக் கையைப் பையன் பக்கம் காட்டியபோது மணி ஒன்று எட்டு.

எதிர்பார்த்ததுதான். தனி தொடங்கியதும் நாற்காலிகள் கிரீச்சிட்டன. மூன்றாம் வரிசையிலிருந்து ஐந்தாறு பேர் எழுந்தார்கள். கேன்டீனில் இலை போட்டுவிட்டார்கள், ஒன்றரைக்கு மேல் போனால் வரிசையில் நிற்க வேண்டும். கதவு திறந்து திறந்து மூடியது. இது எல்லா சபாவிலும், எவ்வளவு பெரிய வித்துவான் வாசித்தாலும் நடக்கிற காரியம். ஆனால் பதினேழு வயதில் அதைப் பார்ப்பது வேறு. ஒன்றரை மணி நேரக் கச்சேரியில் அந்தப் பையனுக்கென்று இருப்பது அந்தப் பத்து நிமிஷம்தான். மற்ற நேரமெல்லாம் இன்னொருவர் பாட்டுக்கு அவன் கை கொடுத்துக்கொண்டிருந்தான்.

சதுச்ரத்தில் நிதானமாகத் தொடங்கினான். தொப்பியின் கும்கி நன்றாகப் பேசியது, சாப்பு சுத்தமாக விழுந்தது. இரண்டு களை ஆதி தாளத்தை இழுக்காமல், தள்ளாமல் நடத்திக்கொண்டு போனான். நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தான். முதுகுகள் தெரிந்தன. பக்கவாட்டில் சபாக் காரியதரிசி தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பையன் சட்டென்று மோராவுக்குத் திரும்பினான். மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பெண் வலது கையில் தாளத்தை விடாமல், இடது கையை மடியிலிருந்து லேசாகத் தூக்கி ஆட்டினாள். வேண்டாம் என்றாள். அவன் புரியாமல் பார்த்தான். வாய் அசைவில் “வாசி, வாசி” என்றாள்.

அவன் மோராவைப் பாதியில் கரைத்துச் சதுச்ரத்திலேயே ஓர் ஆவர்த்தனம் நின்றான். பிறகு திச்ரத்துக்கு மாறினான். முதலில் தயங்கித்தான் வந்தது. இரண்டாவது ஆவர்த்தனத்தில் தோள் இறங்கியது, விரல்கள் திறந்தன. மூன்று மூன்றாக ஓடுகிற நடையின் மேல் நாலு நாலாகச் சொற்களைக் கோத்து வாசித்தான். குறிப்பேட்டுப் பெரியவர் குறிப்பேட்டை மூடிப் பையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தாளம் போட ஆரம்பித்தார். வயலின் அம்மாள் வில்லை மடியில் வைத்துவிட்டு அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் அந்த அம்மா, விரலால் காற்றில் ஒரு கேள்விக்குறி போடுவதுபோல் மகளைப் பார்த்துக் கை சுழற்றினார். தில்லானா? பெண் பார்க்காததுபோல் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கோர்வை மூன்றும் சுத்தமாக வந்து எடுப்பில் விழுந்தன. பெண் பாட்டு வரியை எடுத்தபோது மணி ஒன்று இருபத்து நாலு. அம்மா தாளில் தில்லானாவை அடித்துவிட்டார். திருப்புகழ் ஒன்று பாடி மங்களத்துக்குப் போனாள். ஹாலில் இருந்தவர்கள் பதினைந்து, பதினாறு பேர். கைதட்டினார்கள்.

பாட்டுக்காரர்களைக் கொண்டாட ஊரில் ஆள் உண்டு. பத்து வருஷம் கழித்து இந்தப் பெண் சாயங்கால மேடைக்கு வந்தால் அவள் கல்யாணியைப் பற்றி எழுதுவார்கள். தில்லானாவைக் கொடுத்துத் தனியை வாங்கினாளே, அதுவும் வித்தையைச் சேர்ந்ததுதான். யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. அல்லது, அரை இடம் தவறியபோது பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் தன்னைத் தாங்கியதிலிருந்து அன்றைக்கே கற்றுக்கொண்டிருக்கலாம்.

மேடையைக் காலி செய்யச் சொன்னார்கள். அடுத்த கோஷ்டி பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தது. பையன் தொப்பியிலிருந்து ரவையை வழித்துக் காகிதத்தில் மடித்தான், ஈரத்தைத் துடைத்தான், மிருதங்கத்தைப் பைக்குள் இறக்கினான். நடையில் பெண்ணின் அப்பா அவன் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். அவன் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பெண் வந்து, “அடுத்த புதன் தி.நகர்ல ஒண்ணு இருக்கு தம்பி. மத்தியானம்தான். வர முடியுமா?” என்றாள். “வரேங்க்கா” என்றான், அவள் முடிப்பதற்குள்.

வயலின் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அருகில் வந்தார். “உன் நம்பரைக் குடுப்பா. எனக்குத் தெரிஞ்ச பாகவதர் ஒருத்தர், மாம்பலத்துல வர ஞாயித்துக்கிழமை பாடறார். மிருதங்கத்துக்கு ஆள் தேடிண்டிருக்கார். ஆனா ஒரு கட்டை. உன்கிட்ட பெரிய மிருதங்கம் இருக்கோ?”

பையன் தோளில் இருந்த பையை ஒரு முறை சரிசெய்துகொண்டான்.

“காலேஜ்ல கேட்டு எடுத்துட்டு வந்துடறேம்மா” என்றான்.